நாற்பத்தைந்துக்குக் கீழே

முள் நடுங்கிக்கொண்டிருக்கிறது, நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இடது கைச் சுண்டுவிரலை ஜன்னல் கட்டையில் ஊன்றி, உடம்பில் கால்வாசியை அந்தக் கட்டையின் பொறுப்பில் விட்டுவிட்டு நிற்கிறேன், சட்டை இல்லை, அரைஞாண் கயிற்றைக்கூட அவிழ்த்தாயிற்று, நேற்று மத்தியானத்திலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை, லாரியை எடைமேடையில் ஏற்றுவதற்கு முன் ஸ்டெப்னியைக் கழற்றி, தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்து, கிளீனரையும் இறக்கிவிடுவோம் அல்லவா, அதே வித்தைதான், நாமக்கல்லிலிருந்து கௌகாத்தி வரை என் வண்டியின் உண்மையான எடையைப் பார்த்த அதிகாரி இன்னும் பிறக்கவில்லை, ஒருமுறை வங்காள எல்லையில் முட்டை லோடு, மூன்று நாள் வரிசை, வெயிலில் அத்தனை முட்டையும் குஞ்சு பொரித்துவிட்டது, மேடையில் ஏறியதும் ஒரே ஒரு ஹாரன் அடித்தேன், பயந்துபோன குஞ்சுகள் பெட்டிக்குள்ளேயே பறக்க, முள் சரசரவென்று இறங்கியது, காலி வண்டி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள், குஞ்சு பறக்குமா என்று கேட்பவர்கள் என் ஹாரனைக் கேட்டதில்லை, அப்பேர்ப்பட்ட நான் இந்தத் துளியூண்டு மெஷினுக்குப் பயப்படுகிறேன், ஏனென்றால் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாத்திரை கொடுக்கும் இந்த மையத்தில் நாற்பத்தைந்து கிலோவுக்குக் கீழே இருந்தால்தான் மாதாமாதம் சத்துமாவு, அந்த மாவு எனக்கல்ல, என் மனைவி பாவாயிக்கு.

ஊர் ஊராக நான் ஏற்றிய லோடெல்லாம் அடுத்தவர் வீட்டில்தான் இறக்கினேன், இந்த ஒன்றை மட்டும் என் வீட்டில் இறக்கிவிட்டேன், இருவருக்கும் ரத்தம் பார்த்துச் சொன்ன நாளில் அவள் அழவில்லை, திட்டவில்லை, பொழுது சாய்ந்ததும், சாப்புட வாங்க, என்றாள், அவ்வளவுதான், அதற்குப் பதிலாக ஒரு செருப்பை எடுத்திருக்கலாம், மாத்திரைக்கு மட்டும் வரமாட்டேன் என்கிறாள், எந்தம்பி பொண்ணுக்கு வரன் பாக்கறாங்க, என்னைய அந்த வாசல்ல ஆராச்சும் பாத்தாப் போச்சுங்க, என்று எதிர்ப் பஸ் நிறுத்தத்தில் குடையால் முகத்தை மறைத்து உட்கார்ந்துகொள்கிறாள், இரண்டு வருடமாக அந்தக் குடை சாலையைத் தாண்டவில்லை, மாத்திரையைப் பங்கு போடக்கூடாது என்று நர்ஸ் சகாயமேரி முதல் நாளே எச்சரித்துவிட்டாள், மாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, எனவே பை பிரித்த நாளிலிருந்து மாவு பாவாயிக்கு, ராகிக் களி எனக்கு, வெல்லம் போட்டுக் கரைச்சுக் குடிச்சுட்டனுங்க, என்று காலி டம்ளரைக் காட்டுவாள், மேலுதட்டில் மாவு மீசை இருக்கும், நானும் நம்பினேன், ஆனாலும் அவள் கைவளையல் முழங்கை வரை ஏறிக்கொண்டே போயிற்று, எனக்குத்தான் சட்டைப் பித்தான் பூட்டவில்லை.

நாப்பத்தாறு, என்கிறாள் சகாயமேரி, சந்தோசமா இருக்குதுங்கய்யா, போன மாசத்துக்கு மூணு கிலோ கூட, இனி உங்களுக்கு மாவு வேண்டியதில்ல, நானோ, இன்னொருக்கா பாரும்மா, மெசின்ல கோளாறு, என்கிறேன், சொல்லும்போதே ஜன்னல் கட்டை என் விரலை விட்டு நழுவுகிறது, முள் இரண்டாகத் தெரிகிறது, பிறகு நான்காக, எடைமேடை, வங்காளம், வானம் முழுக்க மஞ்சள் குஞ்சுகள், யாரோ, ஐயோ லாரிக்காரர் விழுந்துட்டாரு, என்று ஜன்னல் வழியே கத்துவது எங்கோ தொலைவில் கேட்கிறது.

கண் திறந்தால் முகத்தில் தண்ணீர், மேலே பாவாயியின் முகம், கையில் குடை இல்லை, முந்தானை தோளிலிருந்து நழுவிக் கிடக்கிறது, கெரகம் புடிச்ச மனுசா, பட்டினி கெடந்தீங்களா, என்று அறையே அதிரக் கத்துகிறாள், மாவு உனக்கு வேணுமில்ல, என்றேன், எனக்கு எங்க வேணும், அத்தனையும் உங்க களியிலதான கிண்டிப் போட்டேன், என்றாள், அப்ப அந்த மீசை, என்றேன், ஒரு சிட்டிகை எடுத்துத் தடவிக்கறதுங்க, பாரதம் பூரா ஏமாத்துன மனுசன் அதக்கூடக் கண்டுபுடிக்கல பாரு, என்றாள், சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள், சுவரில் மாத்திரை அட்டைகள், பெஞ்சில் வரிசையாகப் பத்துப் பேர், தான் நிற்பது எந்த இடம் என்று அப்போதுதான் கண்ணில் பட்டது போல, வாசலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பெஞ்சில் இருந்த அம்மாள் ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள், சகாயமேரி அலட்டிக்கொள்ளாமல், வந்ததே வந்துட்டீங்க, ஏறி நில்லுங்கம்மா, என்றாள்.

செருப்பக் கழட்டோணுங்களா, என்று கேட்டாள் பாவாயி.

ஏறிவிட்டாள், முள் நடுங்குகிறது, இத்தனை காலமும் முள் இறங்க வேண்டும் என்றே வேண்டிப் பழகியவன், முதல்முறையாக, ஏறு, ஏறு, என்கிறேன், அது முப்பத்தாறைத் தாண்டவில்லை, எனக்குத் தாங்கவில்லை, மெல்லப் பின்னால் போய் என் கால் பெருவிரலை மெஷினின் ஓரத்தில் வைக்கிறேன், முப்பத்தேழு, முப்பத்தெட்டு, சகாயமேரி புது நோட்டைத் திறந்து, உங்க பேருங்கம்மா, என்கிறாள், பாவாயி, என்று பெஞ்சு முழுக்கக் கேட்கும்படி சொல்கிறாள், வீட்டுக்காரர் பேரு, என்று அடுத்த கேள்வி, புருஷன் பெயரை வாயால் சொல்லி அறியாதவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பொறத்தால நிக்கறாரு பாருங்க, மெசின் மேல கால வெச்சுக்கிட்டு, அவரேதான்.