மூன்று நாற்பதுக்கு வந்த முழிப்பு

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் மூன்று நாற்பதுக்கு, பதினேழு வருட ஆட்ட வாழ்க்கையில் முதல் தடவையாக, எங்கள் மைதானத்தில் எனக்கு முழிப்பு வந்துவிட்டது. கண்ணைத் திறந்தேன் என்று சொல்ல முடியாது. கண் எப்போதும் திறந்துதான் இருக்கும். கண்ணுக்குப் பின்னால் படுத்திருந்த ஆள் எழுந்துகொண்டான், அவ்வளவுதான். எதிரே இருபது பேர் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். பாவம், யார் துரத்துகிறார்களோ என்று நினைத்து முடிப்பதற்குள் காதோரம் கொஞ்சம் காற்று போயிற்று. திரும்பிப் பார்த்தால் பந்து வலைக்குள் கிடந்து மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

நான் தூங்கிக்கொண்டே கோல் காத்தவன். இதில் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை. சிலருக்கு இடது கைப் பழக்கம், எனக்கு இது. ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடத்துக்குள் முழங்கால் லேசாக மடங்கும், தோள் தளரும், திறந்த கண்ணில் தூக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும். கனவும் எப்போதும் ஒன்றுதான். ஒரு ரயில் புறப்பட்டுக்கொண்டிருக்கும். நான் நடைமேடையில் நிற்பேன். ஜன்னல்களிலிருந்து ஆட்கள் "பிடிங்க, பிடிங்க" என்று ஒவ்வொன்றாக வீசுவார்கள். படுக்கைச் சுருள், பூசணிக்காய், குடை, ஒரு தடவை தையல் இயந்திரம். எல்லாவற்றையும் பிடித்துக் கீழே வைப்பேன். கோப்பைக்கான அரையிறுதி ஆட்டத்தில் ஒரு பெண் கைக்குழந்தையையே வீசிவிட்டாள். பக்கவாட்டில் பாய்ந்து, தரையோடு தரையாக விழுந்து, தலையில் அடிபடாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். மறுநாள் பத்திரிகையில் அந்தப் படத்தைப் போட்டு, 'நரம்பே இல்லாத மனிதர்' என்று எழுதினார்கள். படத்தில் நான் பந்தை உச்சி முகர்ந்துகொண்டிருந்தேன்.

பந்து கையில் ஒட்டிக்கொள்வதால் எனக்குக் கோந்து என்று பெயர் வந்தது. விஷயம் தெரிந்தவன் ஒரே ஒருத்தன், எனக்கு முன்னால் நின்று ஆடிய தடுப்பாட்டக்காரன். என் மனைவியின் தம்பி. அவனைச் சுவர் என்பார்கள். குறட்டையை வைத்து முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டான். வெளியே சொல்லவில்லை. எனக்கு வேலை போனால் அக்காவும் மாமாவும் தன் வீட்டுக்குத்தான் வந்து உட்காருவார்கள் என்கிற நல்லெண்ணம். இடைவேளை விசில் ஊதியதும் வந்து என் காலை மிதிப்பது அவன் பொறுப்பு. "எந்திரிங்க மாமா, பாதி சம்பளத்துக்குத் தூங்கியாச்சு" என்பான்.

வெளியூர் மைதானங்களில் இந்தத் தூக்கம் வரவில்லை. இரண்டு தடவை போனேன். தூக்கம் வரவழைக்கிறேன் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்று மொத்தம் பதினொரு கோல் வாங்கினேன். பயிற்சியாளர் கோளாறு மண்ணில் இருக்கிறது என்று முடிவு கட்டினார். சொந்த மண்ணின் பாசம் என்று ஒன்று இருக்கிறதாம். அதனால் இரண்டாவது தடவை எங்கள் கோல் வாசல் மண்ணை எட்டுச் சாக்கில் கட்டி, பஸ்ஸின் கூரையில் ஏற்றிக்கொண்டு போய், அந்த ஊரில் என் காலடியில் பரப்பிவைத்தார்கள். பலன், எங்கள் மைதானத்தில் ஒரு பள்ளம். அதற்குப் பிறகு வெளியூருக்கு இன்னொருவன், உள்ளூருக்கு நான் என்று ஏற்பாடாயிற்று. பாதிப் புலியும் புலிதானே.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டிதான் அந்தச் சனிக்கிழமை தடம் புரண்டது. மூன்று கோல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால், மனைவி எனக்கு முன்பே வந்து, பையை மடியில் வைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மைதானத்தை ஒட்டிய ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்கிற வேலை அவளுக்கு. இடையில் ஒரு மதில்தான். எட்டு மணி நேரம் ஒலிபெருக்கியில் பேசிவிட்டு வருகிறவள் என்பதால் வீட்டில் பேச்சை மிச்சம் பிடிப்பாள். அதுவும் வேறு குரலில். ஒலிபெருக்கியில் வருவது வழவழவென்று நீளமாகப் போகும் குரல். வீட்டில் வருவது கதவு சாத்துகிற குரல்.

"மிஷின் வந்திருச்சு," என்றாள். "மத்தியானம் மூணு நாப்பதுலருந்து அதுதான் பேசுது. என்னைத் தொலைஞ்ச சாமான் ரூமுக்கு மாத்திட்டாங்க."

"அங்க என்ன வேலை?"

"குடைங்களுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கணும்."

நான் தலையை ஆட்டினேன். மூன்று நாற்பது என்பது என் காதில் விழுந்தது. மண்டைக்குள் விழ இன்னும் மூன்று வாரம் ஆயிற்று.

அந்த மூன்று வாரத்தில் இரண்டு ஆட்டம், ஒன்பது கோல். பயிற்சியாளர் புதுப் புல் போட்டதுதான் காரணம் என்று சொல்லிப் புல்லைப் பிடுங்கினார். பிறகு பழைய புல்லைத் தேடி ஆள் அனுப்பினார். அது ஒரு மாட்டுக்குள் போய்விட்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மனைவி கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் சட்டைகளை மாட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன். சுவர் வாசலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். வாய் சும்மா இருக்க முடியாமலோ என்னவோ, போர்வையின் இரண்டு முனையையும் சேர்த்தபடி அவள் தன்பாட்டுக்கு ஒலிபெருக்கிக் குரலில் சொன்னாள்: "பயணிகள் கவனிக்கவும். நான்காவது நடைமேடையிலிருந்து புறப்பட வேண்டிய வண்டி, நாற்பது நிமிடம் தாமதமாக..."

முழிப்பு வந்தபோது நான் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். என் காலடியில் ஒரு ஜோடி செருப்பு, ஒரு கெட்டில் மூடி, ஒரு மேசைக் கடிகாரம், அவளுடைய கைப்பை எல்லாம் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. கனவில் அவை வேறு சாமான்கள். சுவர் கையை ஓங்கியபடி, அடுத்து வீச எதுவும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தான்.

"அக்கா! உன் வாய்தான்கா!" என்று கத்தினான். "பதினேழு வருஷமா மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து நீதான் இவரைத் தாலாட்டியிருக்க!"

அவள் போர்வையைக் கீழே வைத்தாள். "அப்போ என் பேச்சைக் கேட்டா உங்களுக்குத் தூக்கம் வருது."

"நல்ல அர்த்தத்துலதான்," என்றேன்.

"அதுல நல்ல அர்த்தம் வேற இருக்கா?"

சுவர் தன் செருப்பைப் பொறுக்கிக்கொண்டு ஓசைப்படாமல் நகர்ந்துவிட்டது.

மறுநாள் பயிற்சியாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கத்திக் கத்தி மூச்சு பாதியாகிப்போன மனிதர். ஒரு வாக்கியத்தை இரண்டு தவணையில் சொல்வார். "யோவ் கோந்து, உனக்கு முப்பத்தெட்டு வயசாச்சு. சனிக்கிழமை கடைசி ஆட்டம்," என்றார். மூச்சு வாங்கிக்கொண்டார். "ஒரு பந்து, ஒரே ஒரு பந்து உள்ள போச்சுன்னா, கையுறையைக் கழட்டி இந்த மேசைமேல வெச்சுட்டுப் போயிரு. போகலன்னா இன்னொரு வருஷம் நில்லு."

எனக்கு அந்த ஒரு வருடம் வேண்டும். வேறு வேலை தெரியாது. தூங்கிக்கொண்டே பார்க்கக்கூடிய வேலைகள் நாட்டில் நிறைய இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கெல்லாம் படிப்பு கேட்பார்கள்.

அன்று மாலையே மனைவியிடம் போய் நின்றேன். "வலைக்குப் பின்னால மூணாவது வரிசைல உனக்கு இடம் சொல்லி வெச்சிருக்கேன். ரெண்டாவது பாதியில அந்தப் பக்கம்தான் நிப்பேன். வந்து உக்காந்து வண்டி பேரைச் சொல்லிக்கிட்டே இரு, போதும். முதல் பாதியை எப்படியாவது ஓட்டிடறேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஜன்னல் வழியே தூரத்தில் அந்த இயந்திரம் பேசிக்கொண்டிருந்தது. செங்கல் அடுக்குவது போல எல்லாச் சொல்லும் ஒரே அளவில் இருந்தது.

"வர்றேன்," என்றாள். "ஆனா வாயைத் திறக்க மாட்டேன்."

"ஏம்மா?"

"ஆட்டம் இருக்கற நாள்ல கூடுதல் வண்டி விடுவாங்க. எனக்கு லீவே கிடையாது. பதினேழு வருஷமா உங்க ஆட்டத்தை நான் பார்த்ததில்ல. நீங்களும் பார்த்ததில்ல. நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தராவது பார்க்க வேணாமா?"

"கோல் விட்டுட்டா?"

"அதையும்தான் பார்ப்போம்."

சனிக்கிழமை வந்தது. முழித்துக்கொண்டு ஆடுவதைப் பற்றி நான் கேள்விப்பட்டிருக்கிறேனே தவிர, அது இவ்வளவு கனவு போல இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. விளக்குக் கம்பங்களின் நிழல் புல்லின்மேல் மணிமுள் மாதிரி நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு காகிதப் பை யாருடைய அணியிலும் சேராமல் மைதானத்தைக் குறுக்கே கடந்து போயிற்று. பந்து இத்தனை சிறியது என்பதே எனக்குப் புதிய செய்தி. முதல் பாதியில் அது இரண்டு தடவை என்னைத் தேடி வந்தது. ஒன்றை முழங்கால் பார்த்துக்கொண்டது. மற்றதை நான் பயத்தில் குனிந்தபோது முதுகு பார்த்துக்கொண்டது. பார்வையாளர்கள் அதைப் புதிய உத்தி என்று கைதட்டினார்கள்.

இரண்டாம் பாதியில் இடம் மாறி, அவள் இருந்த பக்கம் வந்தேன். மூன்றாவது வரிசையில், பை மடியில், முதுகு நிமிர்ந்து, வண்டிக்குக் காத்திருக்கிறவளைப் போல உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் கையை இடுப்புயரத்துக்கு மட்டும் தூக்கி ஆட்டினாள். கொஞ்ச நேரத்தில் எங்கள் ஆட்கள் ஒரு கோல் போட்டார்கள். யார் போட்டது, எப்படிப் போட்டது என்பதைக் கடைசிவரை பார்த்தேன். இவ்வளவு அழகான காரியத்தை இத்தனை வருடமாக என் கண்ணெதிரே செய்துகொண்டிருந்திருக்கிறார்கள். ஒருத்தன்கூட என்னை எழுப்பவில்லை.

எண்பத்தாறாவது நிமிடத்தில் சுவர் ஒருவனைக் காலால் வாரிவிட்டான். நடுவர் பெனால்டி கொடுத்தார்.

"கால் என் பேச்சைக் கேக்கல மாமா," என்றான் என் பக்கத்தில் வந்து, அழுகிற முகத்தோடு.

"போடா. என் கை மட்டும் என் பேச்சையா கேக்குது?"

உதைக்க வந்தவன் நெட்டையன். பந்தை வைத்தான், எடுத்தான், திருப்பி வைத்தான். மதிலுக்கு அப்பால் இயந்திரம் ஏதோ ஒரு வண்டியைச் செங்கல் செங்கலாக அடுக்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் என் மனைவி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள், சத்தமே இல்லை. விசில் ஊதியது. நான் பழக்கதோஷத்தில் மூட்டையோ குழந்தையோ வரும் என்று பார்த்தேன். வரவில்லை. வந்தது வெறும் பந்து. அதன் தையல் தெரிந்தது, தையலுக்குக் கீழே சேறு தெரிந்தது, சேற்றில் ஒட்டியிருந்த ஒற்றைப் புல் தெரிந்தது. ஓர் ஆரஞ்சுப் பழத்தை நிதானமாக உரித்துச் சாப்பிடுகிற அவகாசம் இருந்தது. வலது பக்கம்தான் வருகிறது என்று தீர்மானித்து, இன்னொரு தடவை சரிபார்த்து, அந்தப் பக்கம் சாய்ந்தேன். பந்து இரண்டு கையிலும் வந்து அமர்ந்தது. சூடாக இருந்தது.

மைதானமே எழுந்து நின்று கத்தியது. நான் புல்லைத் தட்டிக்கொண்டு எழுந்து, பந்தை அணைத்தபடி, மூன்றாவது வரிசையைப் பார்த்தேன்.

அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஓர் அம்மாளின் தோளில் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, பை மடியிலிருந்து பாதி நழுவிய நிலையில், அப்படி ஒரு தூக்கம். தொலைந்த சாமான் அறையின் அமைதி அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அந்த நான்கு வாரமாக வீட்டில் அவள் கண்ணை மூடி நான் பார்க்கவில்லை. நிலையத்தில் காலம் தள்ளியவர்களுக்குச் சத்தம்தான் மெத்தை. எத்தனை வண்டி போனாலும் எழ மாட்டார்கள், சத்தம் நின்றால் எழுந்துவிடுவார்கள்.

பந்தை வீசிவிட்டால் ஆட்டம் அந்தப் பக்கம் போய்விடும். சத்தமும் அதன் பின்னாலேயே போய்விடும். வீசாமல் வெகுநேரம் கையில் வைத்திருந்தால் இதே இடத்திலிருந்து எதிரணி உதைக்கலாம் என்பது விதி. நடுவர் என்னை நோக்கி ஓடிவந்துகொண்டிருந்தார். பயிற்சியாளர் கோட்டருகே நின்று, "வீசுடா," என்றார். பாதி மூச்சில் மீதி வரவில்லை. "மாமா, என்ன மாமா, முழிச்சுத்தானே இருக்கீங்க?" என்று சுவர் வந்து என் காலை மிதித்தான்.

சத்தம் கொஞ்சம் அடங்கியது. அவள் புருவம் அசைந்தது.

நான் பந்தை ஒரு கையால் தலைக்கு மேலே தூக்கி, மறு கையால் கூட்டத்தைப் பார்த்து, இன்னும் கத்துங்கள், இன்னும் என்று சைகை காட்டினேன். பத்தாயிரம் பேரும் எதற்கென்று தெரியாமல் மறுபடி எழுந்து கத்தினார்கள். தகரக் கூரை அதிர்ந்தது. நடுவர் விசிலை வாயில் வைத்துக் கன்னத்தை உப்பியவர், என் கண் போன இடத்தைத் திரும்பிப் பார்த்து, உப்பிய கன்னத்தோடு அப்படியே நின்றார். அந்த அம்மாள் நழுவிய பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, தோளைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தாள். என் மனைவி அந்த இரைச்சலுக்குள் இன்னும் வசதியாக முகத்தைத் திருப்பிப் புதைத்துக்கொண்டாள்.