சோளத்துக்குக் காவலிருந்த குரல்

கருத்தப்பாண்டியின் குரல் ஒரு மெமரி கார்டில் மட்டும்தான் மிச்சம் இருந்தது. விளாத்திகுளம் போகிற சாலையை ஒட்டிய அவருடைய மக்காச்சோளப் புஞ்சையில், வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கருக்குள் அந்தக் கார்டு இருந்தது. பொழுது சாய்ந்ததும் அது காட்டுப்பன்றிகளை விரட்டத் தொடங்கும். கருத்தப்பாண்டி வீட்டில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். அவர் குரல் காட்டில் கத்திக்கொண்டிருக்கும்.

குரல் என்றால் சாதாரணக் குரல் இல்லை. ஊருக்கு மேற்கே நின்று அவர் ஒரு சத்தம் கொடுத்தால் கிழக்கே கிளம்பின பஸ் நிற்கும் என்பார்கள். பஸ் நின்றதை யாரும் பார்த்ததில்லை, ஆனால் சொன்னால் நம்புகிற மாதிரித்தான் இருந்தது அந்தத் தொண்டை. அதில்தான் கட்டி வந்தது. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் குரல்வளையை எடுத்துவிட்டு, மூச்சுவிடக் கழுத்தில் ஒரு ஓட்டை வைத்து அனுப்பினார்கள். உயிர் பிழைத்ததே பெரிய காரியம் என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொல்லிவிட்டுப் போனார்கள். அவரும் தலையாட்டினார். தலையாட்டுவதை விட்டால் அவருக்கு வேறு என்ன இருக்கிறது.

அந்த ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடும்போது நோயாளியின் பேரைக் கேட்டார்கள். மனைவி வெயிலம்மாள் ஆதார் அட்டையை நீட்டினாள். வாயால் சொல்லச் சொல்லி உள்ளே இருந்த பெண் அதட்டினாள். வெயிலம்மாள் பின்னால் நின்ற யாரோ ஒருவரை இழுத்து வந்து அட்டையை வாசிக்கச் சொன்னாள். புருஷன் பேரைச் சொல்லுவது அவள் வழக்கத்தில் கிடையாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் 'இவிய', மகள் பிறந்த பிறகு 'சந்தனமாரி அப்பா'. கருத்தப்பாண்டி என்று ஒரு மனிதர் அந்த வீட்டில் இருக்கிறார் என்பது அவள் வாய் வழியாக வெளியே தெரிந்ததே இல்லை.

கார்டில் இருந்த சத்தம் ஆபரேஷனுக்கு முந்திய வருஷம் அவருடைய பட்டன் போனில் பிடித்தது. வெடி போட்டுப் பார்த்தார்கள், சேலையைச் சுற்றிக் கட்டிப் பார்த்தார்கள், நாய் குரைக்கிற சத்தத்தை ஓடவிட்டுப் பார்த்தார்கள். பன்றிகள் எல்லாவற்றுக்கும் பழகிக்கொண்டன. மனுஷக் குரலுக்கு மட்டும்தான் கொஞ்சம் மரியாதை கொடுக்கும். அதுவும் ஒற்றை ஆள் என்று தெரிந்துவிட்டால் அசையாது. அதனால் அந்தப் பக்கத்தில் காவலுக்குப் போகிறவர்கள் தனியாக இருந்தாலும் நாலைந்து பேரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் சத்தம் போடுவார்கள். கருத்தப்பாண்டியும் அப்படித்தான் பிடித்திருந்தார். "ஏலே ஆறுமுகசாமி, கிழக்க மறிலே. ஏ மாரிசெல்வம், கம்ப எடுலே. ஏட்டி வெயிலு, லைட்ட அடிட்டி." கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். மறுபடி ஆறுமுகசாமியில் தொடங்கும். ஆறுமுகசாமி பக்கத்துப் புஞ்சைக்காரர். தன் பேரைச் சொல்லி தன் சோளத்தையும் சேர்த்துக் காப்பாற்றிக் கொடுக்கிறார்கள் என்று அவருக்குச் சந்தோஷம்தான்.

கருத்தப்பாண்டிக்கு அந்தச் சத்தம் பிடிக்காமல் போய்விட்டது. முதலில் பெருமையாகத்தான் இருந்தது. போகப்போக, அங்கே ஒருத்தன் தொண்டையைத் திறந்து ஊரைக் கூட்டிக்கொண்டிருக்க, இங்கே ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கக் கையைத் தட்ட வேண்டியிருப்பதை நினைத்து வயிறு எரிந்தது. காற்று மேற்கே திரும்பினால் வீட்டுக்கே கேட்கும். அப்போது கதவைச் சாத்திக்கொள்வார். தன் மேலேயே ஒரு மனுஷனுக்குப் பொறாமை வரும் என்று அவர் நினைத்ததில்லை. வந்தது.

கோயம்புத்தூரில் இருக்கிற மகள் சந்தனமாரி, அப்பாவோடு பேச முடியாது, பார்க்கவாவது செய்யலாம் என்று ஒரு ஸ்மார்ட்போன் வாங்கி அனுப்பியிருந்தாள். பேரப்பிள்ளை தவழ்வது, விழுவது, விழுந்து அழுவது எல்லாம் வீடியோவாக வந்து குவிந்தது. தை பிறப்பதற்குள் போன் நிரம்பிவிட்டது. பிள்ளை எழுந்து நின்ற அன்று வந்த வீடியோ இறங்காமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இடம் இல்லை என்று போன் சொன்னது. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கடை வைத்திருக்கும் இசக்கிராஜாவிடம் அவர் போனில் எழுதிக் கேட்டார். ஒரு மெமரி கார்டு போட்டால் சரியாகிவிடும் என்று அவன் பதில் அனுப்பினான்.

புதுக் கார்டு வாங்கிக்கொள்ளச் சொன்னாள் வெயிலம்மாள். கருத்தப்பாண்டி தலையாட்டினார். ஆனால் மறுநாள் மத்தியானம் கோவில்பட்டி பஸ் ஏறவில்லை. வெயிலம்மாளின் டப்பாவிலிருந்து ஒரு ஊக்கை எடுத்துக்கொண்டு புஞ்சைக்குப் போனார். ஸ்பீக்கரிலிருந்து கார்டை உருவினார். வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து, ஊக்கின் முனையால் போனின் சிம் தட்டைத் திறந்து, கார்டை அதில் வைத்துத் தள்ளினார்.

போன் தமிழில் கேட்டது: இதை எப்படிப் பயன்படுத்தப் போகிறீர்கள்? போனின் சேமிப்பகமாகவா, வெளியே எடுத்துப் போகிற சேமிப்பகமாகவா? போனுக்குத்தானே இடம் வேண்டும் என்று அவர் முதலாவதைத் தொட்டார். இந்தக் கார்டில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும் என்று சிவப்பு எழுத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது. கீழே ஃபார்மேட் என்று ஒரு பொத்தான். அவர் விரல் கொஞ்சம் நின்றது. பயந்து நிற்கவில்லை. ஒரு ஆளை வீட்டை விட்டு அனுப்பும்போது அவன் மூஞ்சியை ஒரு தரம் பார்த்துக்கொள்வதில்லையா, அப்படி நின்றது. பிறகு அழுத்தினார். கோடு ஒன்று ஓடி முடிந்தது. பேரன் எழுந்து நின்ற வீடியோ உடனே இறங்கியது. அதை இரண்டு தரம் போட்டுப் பார்த்தார். மனசு லேசாக இருந்தது. பன்றிக்கு வேறு ஏதாவது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

சாயங்காலம் வெயிலம்மாள் வழக்கம்போல அரிவாளும் சாக்கும் எடுத்துக்கொண்டு ஆட்டுக்குப் புல் அறுக்கப் போனாள். இருட்டுவதற்கு முன்னாலேயே வெறுஞ்சாக்கோடு திரும்பி வந்தாள். ஸ்பீக்கர் வாயே திறக்கவில்லை, பேட்டரி போய்விட்டதா என்று கேட்டாள். கருத்தப்பாண்டி போனை எடுத்துக் காட்டினார். கார்டை உருவுவது போல, உள்ளே தள்ளுவது போல, துடைத்து எறிவது போலக் கையால் செய்தார். அவருடைய கை சொல்லுவதில் ஒன்றுகூட அவளுக்குப் புரியாமல் போனதில்லை. இதுவும் புரிந்தது.

அவள் சாக்கை மடித்து வைத்தாள். மடித்ததை எடுத்து மறுபடி மடித்தாள்.

"அதுல எம்பேரு இருந்துச்சே," என்றாள்.

அவர் போனைக் கீழே வைத்தார்.

"இந்த வீட்டுல என்னைக் கூப்பிட ஆளு ஏது? கையத் தட்டுதீங்க, வாரேன். அங்கன போய் நின்னாத்தான் வெயிலுன்னு ஒரு சத்தம் கேக்கும். அதக் கேட்டுட்டு வரத்தான் புல்லுக்குப் போறது. இருக்க ரெண்டு ஆட்டுக்கு இம்புட்டுப் புல்லு எதுக்குன்னு ஒரு நாளாவது நெனச்சீங்களா?"

நினைக்கவில்லை. கருத்தப்பாண்டி தன் தொண்டை போனதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். போனது தன்னுடைய குரல், அதை வைத்துக்கொள்ளுவதும் அழிப்பதும் தன் பாடு என்றுதான் இருந்தார். அதில் இன்னொருத்திக்கும் பங்கு இருந்தது இப்போதுதான் தெரிந்தது. அவருக்கு ரொம்பக் கேவலமாக இருந்தது. மன்னிப்புக் கேட்பதற்குக் கையில் என்ன சைகை இருக்கிறது என்று தெரியவில்லை. அவள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அந்த வீட்டில் ஒரு ஆளுக்குப் பேச வராது, இன்னொரு ஆள் பேசமாட்டாள் என்று ஆகிவிட்டது.

காலையில் முதல் பஸ்ஸில் கோவில்பட்டி போனார். இசக்கிராஜா அப்போதுதான் கடையைத் திறந்து ஊதுவத்தி கொளுத்திக்கொண்டிருந்தான். போனை அவன் முன்னால் வைத்து, அழிந்ததைத் திரும்ப எடுக்க முடியுமா என்று எழுதிக் காட்டினார். அவன் கார்டை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டான், எதை எதையோ ஓடவிட்டான், கடைசியில் கையை விரித்துவிட்டான்.

"அண்ணாச்சி, நீங்க போன் ஸ்டோரேஜுன்னு போட்டுட்டீங்க. அப்படிப் போட்டா அது அந்தப் போனோட சேந்து பூட்டிக்கிடும். இத ஸ்பீக்கர்ல சொருகுனாக்கூடப் படிக்காது. பழசு இனி வராது. ஒங்ககிட்ட பொய் சொல்ல எனக்கு மனசு வரல."

அந்தச் சத்தத்தை முதலில் பட்டன் போனிலிருந்து கார்டில் ஏற்றிக் கொடுத்தவன் அவன்தான். அவன் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி கிடக்காதா என்று எழுதிக் கேட்டார். அதெல்லாம் அன்றன்றைக்கே அழித்துவிடுவான். பட்டன் போன் எப்போதோ கிணற்றில் விழுந்துவிட்டது. கருத்தப்பாண்டி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். இசக்கிராஜா டீ வரவழைத்தான். போனில் இருக்கிற வீடியோக்களுக்குப் புதுக் கார்டு ஒன்று போட்டு, பழையதை மறுபடி அழித்து, இந்த முறை வெளியே எடுத்துப் போகிற மாதிரி வைத்துக் கொடுத்தான். இனி போனில் பதிவதை இதில் நகல் எடுத்து ஸ்பீக்கரில் சொருகலாம், போனும் ஸ்பீக்கரும் இதைப் படிக்கும் என்றான். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

திரும்பி வந்து புஞ்சையைப் பார்த்தால் சாலையோர மூலை முழுக்கச் சாய்ந்து கிடந்தது. பால் பிடித்த கதிரைக் கடித்துத் துப்பியிருந்தன. ஒரு ராத்திரி சத்தம் இல்லை என்றதும் வந்துவிட்டன. ஆறுமுகசாமி தன் வரப்பில் நின்று, என்ன அண்ணாச்சி, நீங்க சத்தம் போடலேன்னா எனக்கும் சேதாரம்தான் என்று அங்கலாய்த்தார்.

அன்று சாயங்காலம் வெயிலம்மாள் புல்லுக்குக் கிளம்பவில்லை. கருத்தப்பாண்டி அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். சாய்ந்த கதிர்களைக் காட்டினார். போனில் ரெக்கார்டரைத் திறந்து அவள் கையில் கொடுத்து, தன் கழுத்தைக் காட்டினார், அவள் வாயைக் காட்டினார். தன்னால் முடியாது என்றாள். பொம்பளை சத்தம் போட்டால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்றாள். கருத்தப்பாண்டி கையெடுத்துக் கும்பிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளைக் கும்பிட்டதில்லை. அதைப் பார்த்ததும் அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. அழித்ததையும் அழித்துவிட்டு இப்போது கும்பிடு வேறா. போனைப் பிடுங்கிக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டி, சோளத்தைப் பார்த்து நின்றாள்.

"ஏலே கருத்தப்பாண்டி," என்றாள்.

செருமிக்கொண்டாள்.

"ஏலே கருத்தப்பாண்டி. கிழக்க மறிலே. கம்ப எடுலே. எங்கனலே போன? ஏ கருத்தப்பாண்டி, வாயத் தொறந்து ஒரு சத்தம் குடுலே."

பக்கத்துப் புஞ்சையில் ஆறுமுகசாமி குனிந்தவாக்கில் அப்படியே நின்றுவிட்டார். வேப்பமரத்து மயில் ஒன்று எழுந்து பறந்தது. வெயிலம்மாள் போனை அவர் கையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள். காதுமடல்வரை சிவந்திருந்தது.

கருத்தப்பாண்டி அதைக் கார்டில் நகல் எடுத்தார். ஸ்பீக்கரில் சொருகுவதற்கு முன்னால் போனிலும் ஒன்று இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். சந்தனமாரிக்கு ஒன்று அனுப்பினார். இசக்கிராஜாவுக்கும் ஒன்று அனுப்பி, இதை அழிக்கக் கூடாது என்று எழுதினார். ஏன் எதற்கு என்று அவன் கேட்கவில்லை. மகள்தான், அம்மாவா இது என்று பதறிப்போய்க் கூப்பிட்டாள்.

அதற்குப் பிறகு பன்றிகள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வெயிலம்மாளும் எட்டிப் பார்க்கவில்லை. தன் குரலைத் தன் காதால் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்றாள். ஊரில் கொஞ்ச நாள் கேலி பேசினார்கள். கருத்தப்பாண்டியைக் கண்டால் இளவட்டங்கள், ஒங்களைக் கூப்பிடுதாவ அண்ணாச்சி என்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

மாசியில் சோளம் ஒடித்து, தட்டையும் அறுத்தாகிவிட்டது. புஞ்சை வெறுங்கரிசலாக வெடித்துக் கிடந்தது. ஸ்பீக்கரை மட்டும் யாரும் மரத்திலிருந்து இறக்கவில்லை. பொழுது சாயும் நேரம் கருத்தப்பாண்டி அரிவாளையும் சாக்கையும் எடுத்துக்கொண்டு, புல்லுக்கு என்று கை காட்டினார். அந்த வறட்சியில் ஒரு புல்லும் முளைத்திருக்காது என்பது வெயிலம்மாளுக்குத் தெரியும்.

"சரி, போய்ட்டு வாங்க," என்றாள்.