தளிக்குப் பக்கத்தில் ஒரு நிலாக் குடியிருப்பு

பேச்சியம்மாளுக்கு இருபது வயதாக இருக்கும்போது இந்தியாவிலிருந்து ஒருவர் விண்வெளிக்குப் போய்விட்டு வந்தார். ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவள் பயிற்சிக்குச் சேர்ந்து அப்போது நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. கேன்டீன் ரேடியோவில் செய்தி கேட்டு எல்லாரும் கைதட்டினார்கள். சூப்பர்வைசர் ஆளுக்கொரு ஜிலேபி கொடுத்தார். பேச்சியம்மாள் மட்டும் ஜிலேபியைக் கையில் வைத்துக்கொண்டு, "போனவரு ஏன் அதுக்குள்ள திரும்பி வந்துட்டாரு?" என்று கேட்டாள்.

"பின்ன, அங்கயே இருக்கவா முடியும்?" என்று சிரித்தார் சூப்பர்வைசர்.

"ஏன் முடியாது? நான் உடன்குடியில இருந்து இங்க வந்து இருக்கேன்லா?"

அன்று பிடித்தது, நாற்பது வருடமாக விடவில்லை. மனிதர்கள் நிலாவுக்கும் செவ்வாய்க்கும் போக வேண்டும்; போய் வீடு கட்டி, பயிர் வைத்து, பிள்ளை பெற்று அங்கேயே வாழ வேண்டும். "போயிட்டு வர்றது டூரு. போய் இருக்கிறதுதான் குடித்தனம்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். பெண் பார்க்க வந்த மாதவனிடமும், "சான்ஸ் கெடைச்சா நான் நிலாவுக்குப் போயிருவேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றாள். மாதவன், "ஞாயித்துக்கெழமை லீவுக்கு வருவீங்கல்ல?" என்று கேட்டு அவளைக் கட்டிக்கொண்டார்.

தொண்ணூற்றொன்றில் விண்குடியேற்ற மன்றம் என்று ஒன்றைப் பதிவு செய்தாள். ஒவ்வொரு வருடமும் சந்திரசூடேஸ்வரர் தேர்த் திருவிழாவில் நோட்டீஸ் கொடுத்தாள். நிலாவைத் தலையில் வைத்திருக்கிற சாமியின் ஊரில் சொல்லாமல் இதை வேறெங்கே போய்ச் சொல்வது என்பது அவள் நியாயம். மன்றத்தில் ஒரு காலத்தில் நாற்பத்து மூன்று பேர் இருந்தார்கள். இப்போது பதினொன்று.

சென்ற ஐப்பசியில் ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். வழக்கம்போல் முழங்கி முடித்தாள். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "மேடம், நீங்க பத்து நாள் ஒரே எடத்துல, வெளிய காலே வைக்காம இருந்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"கொரோனா சமயத்துல எல்லாரும் இருந்தோமே."

"அப்பவும் மொட்டை மாடிக்குப் போனோம் மேடம்."

அரங்கம் சிரித்தது. பேச்சியம்மாளும் சிரித்தாள். ஆனால் பஸ்ஸில் வீடு வந்து சேர்வதற்குள் முடிவு செய்துவிட்டாள். ஊருக்கெல்லாம் சொல்வதைத் தானே ஒரு முறை இருந்து பார்த்துவிட வேண்டியதுதான்.

தளியிலிருந்து ஜவளகிரி போகிற வழியில் சென்னகிருஷ்ணனின் பாலிஹவுஸ் ஒன்று சும்மா கிடந்தது. ரோஜா போட்டு, செடியில் நோய் விழுந்து, அவர் கைவிட்டிருந்தார். பால் நிறத்தில் பிளாஸ்டிக் ஷீட் போர்த்திய பெரிய கூடாரம். பூச்சி நுழையாமலிருக்க வாசலில் ஒன்றையடுத்து ஒன்றாக இரண்டு கதவு. அந்த இரட்டைக் கதவைப் பார்த்ததுமே பேச்சியம்மாளுக்கு மனம் நிறைந்துவிட்டது. நிலாவிலும் இப்படித்தான், ஒரு கதவை மூடாமல் அடுத்ததைத் திறக்கக் கூடாது.

"நிலாவுக்கு எங்க நெலமா?" என்று வாயைப் பொத்திச் சிரித்தார் சென்னகிருஷ்ணன். "இருந்துக்குங்கம்மா. சும்மாதானே கெடக்குது."

அவருடைய மனைவி காவேரி சிரிக்கவில்லை. தலையில் புல்லுக்கட்டோடு ஒரு நிமிஷம் நின்று, "உள்ளார மொத்தம் பத்து நாளா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். மாடு கத்திக்கொண்டிருந்தது.

கார்த்திகை பிறந்ததும் மூன்று பேர் உள்ளே போனார்கள். பேச்சியம்மாள், அவளோடு அதே தொழிற்சாலையில் மெயின்டனன்ஸில் இருந்து ரிட்டையர் ஆன பாஸ்கரன், மன்றத்திலேயே வயதில் சிறியவளான கணக்கு டீச்சர் சுகுணா. அளந்து வைத்த தண்ணீர், மூட்டையில் கேழ்வரகு மாவும் பருப்பும், தொட்டிகளில் முன்பே முளைவிட்டிருந்த கீரை. குளித்த தண்ணீர் மணலிலும் கரியிலும் வடிந்து செடிக்குப் போகும்படி பாஸ்கரன் குழாய் போட்டிருந்தார். போனில் பேச மாலை ஆறு மணிக்குப் பத்து நிமிஷம்.

முதல் நான்கு நாள் சொன்னால் நம்பமாட்டார்கள், அவ்வளவு நன்றாகப் போயிற்று. பேச்சியம்மாள் விடிகாலையில் எழுந்து, வெப்பம், ஈரம், ஆளுக்குச் செலவான தண்ணீர் எல்லாம் எழுதி வைத்தாள். மாலை ஆறு மணிக்கு மாதவன் கூப்பிட்டு, "பெருங்காயம் எங்க இருக்கு?" என்று கேட்டார். அடுத்த நாள் ரேஷன் கார்டு எங்கே என்று கேட்டார். மற்றபடி பூமியிலிருந்து தொந்தரவு எதுவும் இல்லை.

ஐந்தாம் நாள் காலை, கீரைத் தொட்டிக்குப் பின்னால் கசங்கிய செய்தித்தாள் துண்டு ஒன்று கிடந்தது. பேச்சியம்மாள் எடுத்துப் பார்த்தாள். எண்ணெய் ஊறியிருந்தது. மோந்து பார்த்தாள்.

"பாஸ்கரன், இது என்னது?"

பாஸ்கரன் குழாயை முறுக்குவதைப்போல் குனிந்துகொண்டார்.

"மசால் வடை," என்றாள் சுகுணா மெல்ல. "எனக்கும் ஒண்ணு குடுத்தாரு மேடம். வேணான்னுதான் சொன்னேன்."

ஐந்து நாளும் விடிகாலையில், பேச்சியம்மாள் குளிக்கிற நேரம் பார்த்து, பாஸ்கரன் இரண்டு கதவையும் திறந்துகொண்டு ரோட்டுக் கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்திருக்கிறார்.

கோபம் வந்தால் பேச்சியம்மாளுக்கு உடன்குடி நாக்குக்கு வந்துவிடும். "வெளிய காத்தே கெடையாதுன்னு நெனச்சுக்கிடணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா! நிலாவுல எங்கவே வட விக்கான்?"

"நிலாவுல பாட்டி வடை சுடுறாங்கன்னுதானே மேடம் சின்ன வயசுல சொல்லிச் சோறு ஊட்டுனாங்க," என்றார் பாஸ்கரன்.

சுகுணா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பேச்சியம்மாளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நாற்பது வருடமாகச் சேர்த்த நம்பிக்கையை இரண்டு மசால் வடை தோற்கடித்துவிட்டதாகத் தோன்றியது. மாலை ஆறு மணிக்குப் போனை எடுத்து காவேரியைக் கூப்பிட்டு, நாளைக் காலையில் சாமான் கட்டப் பெட்டி கொண்டுவரச் சொன்னாள்.

காவேரி காலை ஏழு மணிக்கு இரண்டு தக்காளிப் பெட்டியோடு வந்தாள். உள்ளே வந்து அவற்றைக் கீழே வைத்திருக்க மாட்டாள், தூரத்தில் சென்னகிருஷ்ணன் அலறுகிற சத்தம் கேட்டது.

"ஆனெ! ஆனெ! கதவ மூடு!"

காவேரி இரண்டு கதவையும் இழுத்து மூடினாள். கன்னடம் தெரியாத பாஸ்கரனுக்கும் அது என்னவென்று புரிந்துவிட்டது. கேழ்வரகு முற்றும் சமயத்தில் ஜவளகிரிக் காட்டிலிருந்து யானைகள் இறங்குவது இங்கே வழக்கம்தான். விடிவதற்குள் திரும்பிவிடும். இந்த முறை வந்த ஐந்தில் ஒரு குட்டியும் இருந்தது. அதனால் ஐந்தும் காட்டுக்குத் திரும்பாமல் பாலிஹவுஸை ஒட்டிய தைல மரத்தோப்பிலேயே நின்றுவிட்டன. கொஞ்ச நேரத்தில் சென்னகிருஷ்ணன் போனில் கிசுகிசுத்தார்: வனத்துறை ஆட்கள் வந்துவிட்டார்கள், சாயங்காலம்தான் விரட்ட முடியும், அதுவரை யாரும் வெளியே தலை காட்டக் கூடாது, சத்தமும் போடக் கூடாது.

பால் நிற ஷீட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய சாம்பல் நிழல் நகர்ந்தது. பின்னாலேயே ஒரு சின்ன நிழல். தண்ணீர்த் தொட்டியில் உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நான்கு பேரும் மூச்சுவிடாமல் நின்றார்கள்.

முதல் ஒரு மணி நேரம் பேச்சியம்மாளுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. கூரை இறங்கி வருவதுபோல் இருந்தது. ஐந்து நாளும் இதே ஷீட், இதே கூரைதான். ஆனால் அந்த ஐந்து நாளும் நினைத்தால் கதவைத் திறந்துகொண்டு போய்விடலாம். அவள் போகவில்லை, அவ்வளவுதான். இன்று போகக் கூடாது. அதை நினைக்க நினைக்கக் கால்கள் அவளைக் கேட்காமலே வாசலுக்கு நடந்தன. உள்கதவின் கொண்டியில் கை வைத்துவிட்டாள்.

மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

"அக்கா, வேணாம்," என்றாள் காவேரி காதருகில். "கையை எடுங்க."

"ஒரு நிமிஷம். காத்து வாங்கிட்டு வந்திருதேன்."

"வெளிய காத்தே இல்லன்னுதானே சொன்னீங்களாம். வடை சாப்ட்டதுக்குத் திட்டுனீங்களாம். டீச்சரம்மா சொன்னாங்க. வாங்க."

அவளைக் கூட்டிப்போய் உட்காரவைத்து, ஈரத் துண்டைப் பிழிந்து பிடரியில் போட்டாள் காவேரி. மடியில் ஒரு முறம் கீரையை வைத்து, "ஆயுங்க. காம்பு எல்லாம் தனியா வெக்கணும், ஒண்ணு விடக் கூடாது" என்றாள். பேச்சியம்மாள் காம்பு காம்பாகக் கிள்ளினாள். பத்தாவது காம்புக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. முறத்தில் பாதி முடிந்தபோது அழுகையும் வந்தது. தனக்கு முடியவில்லையே என்ற அழுகை. யாருக்கும் தெரியாமல் துடைத்துக்கொண்டாள்.

காவேரிக்கோ அந்த இடம் பிடித்துப்போய்விட்டது. சுற்றிவந்து பார்த்தாள். இரண்டு தொட்டியை வெயில் படும் பக்கத்துக்கு நகர்த்தச் சொன்னாள். பாஸ்கரன் போட்ட குழாயில் ஓரிடத்தில் தண்ணீர் கசிவதைக் கண்டுபிடித்து, ஈரத்துணி சுற்றி நிறுத்தினாள். கேழ்வரகுக் களி கிண்டினாள். சாப்பிட்டுவிட்டு, பட்டப்பகலில், பாயை விரித்துக் காலை நீட்டிப் படுத்தாள்.

"எனக்கு இன்னிக்கு லீவு," என்றாள் கூரையைப் பார்த்து. "கல்யாணம் ஆயி இருவத்தியாறு வருசத்துல இதுதான் மொத லீவு. மாடு கூப்பிடாது, மாமியா கூப்பிடாது, கூலி ஆளுங்க கூப்பிட மாட்டாங்க. அவரும் கத்த முடியாது, ஆனெ கேட்டுரும்."

சுகுணா சத்தமில்லாமல் சிரித்துக் குலுங்கினாள்.

"அக்கா, நெசமா கேக்கறேன். நிலாவுலயும் இப்படித்தான் இருக்குமா? காவேரி காவேரின்னு யாரும் கூப்பிட மாட்டாங்களா?"

பேச்சியம்மாள் முறத்தை வைத்தாள். இது அவளுக்குத் தெரிந்த பாடம். "கூப்பிடலாம். ஆனா இங்க கூப்பிட்டா அங்க கேக்கறதுக்கு ஒண்ணே கால் செகண்டு ஆகும்."

"அது பத்தாது. செவ்வாயில?"

"தூரமா இருக்கற சமயத்துல இருவது நிமிஷத்துக்கு மேல ஆகும். நீ பதில் சொன்னா, அது இங்க வந்து சேர இன்னொரு இருவது."

காவேரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "நாப்பது நிமிசமா? எங்கக்கா பேரு குடுக்கணும்?"

பேச்சியம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சத்தம் வராமலிருக்க ஈரத் துண்டை வாயில் திணித்துக்கொண்டாள்.

ஐந்து மணிக்குப் பட்டாசு வெடித்தது. ஐந்து நிழல்களும் காட்டுப் பக்கம் போய்ச் சேர்ந்ததாகச் சேதி வந்ததும் பேச்சியம்மாள்தான் முதலில் வெளியே ஓடினாள். செருப்பில்லாமல் செம்மண்ணில் நின்று, குளிர்ந்த காற்றை வாய் நிறைய இழுத்தாள். மூக்கை நிறைத்த யானைச் சாணி வாடையைக்கூட ஆசையாக இழுத்தாள்.

"காவேரி! வா, மாடு கறக்கணும்," என்று சென்னகிருஷ்ணன் வாசலில் நின்று கூப்பிட்டார்.

"நீங்களே கறங்க," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. "அக்காவுக்கு முடியல. இன்னும் நாலு நாள் பாக்கி இருக்குது. அவங்களுக்குப் பதிலா நான் இருக்கறேன்."

சென்னகிருஷ்ணன் பேச்சியம்மாளைத் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, இது என்னம்மா அநியாயம்?"

நாற்பது வருடத்தில் அவள் பேச்சைக் கேட்டுக் கைதட்டியவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். இருக்கிறேன் என்று ஒருத்தர் சொல்லி இன்றுதான் கேட்கிறாள். "நாலு நாளுதானே," என்றாள் கெஞ்சலாக. "மாட்டுக்கு வேணா நான் தண்ணி காட்டுதேன்."

அந்த நான்கு நாளும் பேச்சியம்மாள் வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து குறிப்பு எழுதினாள். உள்ளே யாரும் வடையைப் பற்றிப் பேசவில்லை. காவேரியிடம் பாஸ்கரனுக்கு அவ்வளவு பயம். ஆளுக்கு நாற்பது லிட்டராக இருந்த தண்ணீர்ச் செலவு இருபத்தெட்டுக்கு இறங்கியது. சென்னகிருஷ்ணனை மாடு இரண்டு முறை உதைத்தது. தினமும் ஷீட்டுக்கு வெளியே வந்து நின்று, வெல்லம் எந்த டப்பாவில் இருக்கிறது என்பதுபோல் ஏதாவது ஒன்றைக் கேட்பார். உள்ளேயிருந்து காவேரி வேண்டுமென்றே தாமதமாகப் பதில் சொல்வாள்.

மார்கழி மன்றக் கூட்டம் வழக்கம்போல் ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற டியூஷன் சென்டர் மாடியில் நடந்தது. பேச்சியம்மாள் எழுந்து நின்று எதையும் மறைக்காமல் சொன்னாள். "ஆறாம் நாள் நான் கதவத் தொறக்கப் பாத்தேன். காவேரி பிடிக்கலன்னா தொறந்திருப்பேன். நான் அங்க போறதுக்கு லாயக்கில்ல. இது எனக்கு அறுவத்திரண்டு வயசுலதான் தெரிஞ்சது."

மன்றத்தின் பழைய உறுப்பினர் பூபதி வருத்தத்தோடு கேட்டார்: "அப்ப இத்தன வருசம் பேசுனது?"

"பேசுனதுல என்ன தப்பு? பொண்ணு பாக்கப் போறவங்க எல்லாருமா தாலி கட்டுதாங்க?" என்றாள் பேச்சியம்மாள். அவள் முகத்தில் வருத்தமே இல்லை. "யாரு போகணும்னு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு. படிச்சவங்க, பைலட்டு, இவங்களையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன். காவேரி, நீ பேசு."

காவேரி தனியாக வரவில்லை. தளியிலிருந்து ஏழு பெண்களைக் கூட்டி வந்திருந்தாள். எல்லாரும் பால் ஊற்றிவிட்டுக் காலை முதல் பஸ்ஸைப் பிடித்தவர்கள். நாற்காலி பற்றாமல் மூன்று பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். காவேரி எழுந்து, தமிழில் ஆரம்பித்து, நடுவில் கன்னடத்துக்குப் போய், பிறகு தெலுங்கிலும் கொஞ்சம் பேசினாள். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பேச்சியம்மாளுக்குப் பாதி புரியவில்லை. ஆனால் கடைசியில் அந்த ஏழு பேரும் கையைத் தூக்கினார்கள்.

"என்ன கேட்ட?" என்றாள் பேச்சியம்மாள்.

"அடுத்த வாட்டி இருவது நாள் இருக்கறதுக்கு யாரு வரீங்கன்னு கேட்டேன். எல்லாரும் வராங்களாம். கேழ்வரகு அறுப்பு முடியட்டும், தையில வெச்சுக்கலாம்."

பேச்சியம்மாள் மேஜையிலிருந்த நோட்டைத் திறந்து, பேனா மூடியைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டு, "ஒவ்வொருத்தரா வந்து பேரு சொல்லுங்க," என்றாள்.