நடந்து ஆடும் ஆட்டம்

நவீத் விசில் ஊதிய பிறகும் இருதயராஜ் நிற்கவில்லை. பந்தை இடது காலால் தள்ளிக்கொண்டு, ஓரக்கோட்டை ஒட்டி, இதயத்தில் குழாய் வைத்த ஆள் என்பதையே மறந்தவர் போல ஓடினார். கூட ஆடிய ஆண்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். மைதானத்தின் மறுபாதியில் பெண்களோடு பந்து உருட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி அமிர்தவள்ளியும் நின்றாள். யாரும் தடுக்காத கோலுக்குள் பந்தை அடித்துவிட்டு அவர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நிமிர வெகுநேரம் ஆயிற்று.

பயிற்சி கொடுக்கும் நவீத் பக்கத்தில் போய் மெதுவாகத்தான் சொன்னான். "அங்கிள், இதுல ஓடக்கூடாது. நடந்துதான் ஆடணும். ரூலே அதான்."

"ரூல நீ எனக்குச் சொல்றியா?" அதற்கு மேல் பேச மூச்சு இல்லை. டீமுக்குக் கொடுத்த பச்சைப் பனியனைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார். அமிர்தவள்ளி செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

ஆம்பூரில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அந்த ஃபுட்பால் கிளப்பில், அறுபது தாண்டியவர்களுக்கென்று காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். வயசுக் காலத்தில் தோல் பதனிடும் டேனரியின் டீமுக்கு லெஃப்ட் விங்கில் ஆடியவர் இருதயராஜ். டாக்டர் நடக்கச் சொன்னார் என்று மகள் மெர்சிதான் அவர் பேரைக் கொடுத்துவிட்டு வாணியம்பாடிக்குத் திரும்பிப் போனாள். அவர் முதலில் வருவேனா என்றார், பிறகு ஒருவழியாகக் கிளம்பினார். துணைக்கு வந்து ஓரமாக நின்ற அமிர்தவள்ளியைத்தான், புர்காவுக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டிருந்த வஜீதா கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "சும்மா நிக்கறதுக்கு நடங்கக்கா. பந்து வந்தா ஒதைங்க, வரலன்னா பேசலாம்."

அன்றைக்கு முட்டி வலித்தது. மறுநாளும் போனாள். வீட்டில் அவருக்கு மாத்திரை, உப்பில்லாத குழம்பு, வெந்நீர், அவர் கோபம் என்று ஒன்று மாற்றி ஒன்று அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். மைதானத்தில் யாராவது 'அமிர்தாக்கா' என்று கூப்பிட்டால் அது பந்துக்காக மட்டும்தான்.

சண்டை போட்டு வந்த அன்று அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சோறு வடித்துக்கொண்டிருந்தவளிடம் திரும்பாமலே சொன்னார். "இனிமே நீயும் போவாத."

அவள் பானையை நிமிர்த்தி வைத்தாள். பதில் சொல்லவும் தெம்பு வேண்டியிருந்தது. மறுநாள் காலை அவள் மட்டும் தனியாகக் கிளம்பிப் போனாள்.

அந்த வாரம் வேலூருக்குப் பரிசோதனைக்குப் போனார்கள். இதயம் பலவீனமாகத்தான் இருக்கிறது, நடை மட்டும் போதும் என்று டாக்டர் திரும்பவும் சொன்னார். திரும்பி வருகையில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த இருதயராஜ் பள்ளிகொண்டா தாண்டியதும் அவராகவே பேசினார்.

"நடந்துகினே பந்து ஒதைக்கறவங்கள பாத்தா, என் சாவுக்கு வந்த கூட்டம் மாதிரி இருக்குது எனக்கு."

அமிர்தவள்ளி மடியிலிருந்த ஆஸ்பத்திரிப் பையைச் சரிசெய்துகொண்டாள். "நான் ஷூ கம்பெனியில முப்பது வருசம் குந்திகினே தச்சவ. தலைய நிமித்துனா சூப்பர்வைசர் பாப்பான். எனக்கு நடக்கறதே ஆட்டமாத்தான் இருக்குது."

அவர் வெளியே பார்த்தார். பஸ் ஒரு நிறுத்தத்தில் ஆளை இறக்கிவிட்டுக் கிளம்பியது.

"நீ போற நேரத்துல தனியா இருக்க பயமா இருக்குது அமிர்தா," என்றார். "நெஞ்சு அடிக்கறது காதுல கேக்குது."

இத்தனை வருடத்தில் பயம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை. அவள் மனசு இளகியது. இளகிய அதே நேரத்தில், அந்த ஒரு மணி நேரமும் போயிற்று என்பதும் புரிந்தது. மறுபடியும் ஏசித் தடுத்திருந்தால் மீறிப் போயிருப்பாள். பயந்தவரை விட்டுவிட்டு எப்படிப் போவது?

போகவில்லை. வஜீதா போன் செய்தபோது முட்டி வலி என்றாள். காலையில் பழக்கத்தில் விழிப்பு வந்துவிடும். எழ வேண்டிய காரணம் எதுவும் இல்லாமல் படுத்திருப்பாள். பகலில் பாத்திரம் கை நழுவி விழுந்தது. ஒருநாள் அவர் தண்ணீர் கேட்டதற்கு, "வர்றேன், இன்னா அவசரம்," என்று கத்திவிட்டாள். அவர் தானே எழுந்து போய்க் குடித்தார். அவர் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்ததைப் பார்த்தபோது, இப்படியே போனால் இந்த மனிதரை வெறுக்க ஆரம்பித்துவிடுவோம் என்று பட்டது.

மறுநாள் விடிந்ததும் அவரை எழுப்பினாள். "சட்டையப் போடு. நீ ஆட வேணாம். வந்து குந்திக்கோ. எனக்குப் போவணும்."

"நாலு பேரு பாப்பாங்க."

"பாக்கட்டும்."

நவீத் எதையும் கேட்காமல் கோட்டுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டான். ஆண்கள் பக்கம் முதுகு காட்டி அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இருதயராஜ் உட்கார்ந்தார். பெண்கள் பக்கத்தில் ஆட்டம் தொடங்கியது. சும்மா இருந்ததில் அமிர்தவள்ளிக்கு நிஜமாகவே முட்டி பிடித்திருந்தது. பந்து எங்கோ போக அவள் எங்கோ நடந்தாள்.

கொஞ்ச நேரத்தில் நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "அமிர்தா, ரைட்ல ஆளில்ல பாரு. ரைட்ல தள்ளு."

அவரைப் பல மாதமாக அப்படிக் கேட்டதில்லை. குரலில் பழைய கணீர் இருந்தது. அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். இங்கேயும் ஆரம்பிச்சாச்சா என்றுதான் வந்தது.

வஜீதா தள்ளிய பந்து உருண்டு வந்து அவள் காலில் தட்டியது. அதன்மேல் பாதத்தை வைத்து நிறுத்தினாள். "ரைட்ல, ரைட்ல," என்று அவர் எழுந்து நின்று கையை ஆட்டினார். இந்தப் பக்கம் வஜீதா கை நீட்டினாள். தண்டவாளத்தில் பெங்களூர்ப் பக்கம் போகும் ரயில் ஒன்று தடதடத்துக்கொண்டு வந்தது. அமிர்தவள்ளி யாரையும் பார்க்கவில்லை. மூச்சு வாங்க, பாதத்துக்கு அடியில் பந்தை லேசாக முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டு, அங்கேயே நின்றாள்.