அம்மா நின்ற மூலை

மாரத்தான் ஓடுகிறவருக்குக் கால் இருந்தால் போதும். கூடப் போகிறவர்களுக்குத்தான் மூளை வேண்டும். எந்தச் சாலையை எப்போது அடைப்பார்கள், காரை எங்கே நிறுத்துவது, எந்த வேலியோரம் நின்றால் ஓடிவருகிறவளின் முகம் தெரியும், பக்கத்தில் கழிப்பறை உண்டா என்று எல்லாவற்றையும் யோசித்து வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வேலை என் தலையில் விழுந்தது. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான். குழாய் ஒழுகினால்கூட எங்கள் வீட்டில் "படிச்சவளக் கேளு" என்பார்கள்.

அம்மா பெயர் ரேலீன். ஐம்பத்து நாலு வயதில் மெல்பர்ன் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருந்தாள். ப்ரோக்கன் ஹில்லில், ஊர் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. நாளெல்லாம் அடுத்தவர்களின் படுக்கை விரிப்புகளோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் அப்பா இருப்பார். அப்பா நெவ். சுரங்கத்துத் தூசியில் நுரையீரல் கல்லாகிப்போன மனிதர். மூக்கில் எப்போதும் ஆக்ஸிஜன் குழாய். இரவு முழுக்க மெஷின் உறுமும். விடிகிற நேரத்தில்தான் அவர் கொஞ்சம் கண்ணயர்வார். அந்த நேரத்தில் அம்மா காலணியை மாட்டிக்கொண்டு வெளியே போக ஆரம்பித்தாள். முதலில் நடந்தாள். அப்புறம் ஓடினாள். ஊர் எல்லையில் விளக்குகள் முடிகிற இடம்வரை ஓடி, பிறகு அதையும் தாண்டி ஓடினாள். வீட்டைவிட்டுப் போவதற்கு அவளுக்குக் கிடைத்த ஒரே மரியாதையான வழி அதுதான் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அப்பா அவள் ஓடி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

ஆனால் அப்பா ஃபுட்பால் ஆடிய காலத்தில் ஒரு சனிக்கிழமைகூட விடாமல் அம்மா எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறாள். மொத்த டீமுக்கும் ஆரஞ்சு நறுக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். புழுதிப்புயலில் நின்றிருக்கிறாள். என்னை வயிற்றில் வைத்துக்கொண்டும் நின்றிருக்கிறாள். இப்போது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"உங்கப்பா ஒரு வாட்டி என்னைப் பாக்கணும், டீகன். ஓடறத. அவ்ளோதான். பதக்கத்த நாய்க்குக் கட்டிவிட்டாலும் சரி."

ஆகஸ்ட் மாதம் அதற்காகவே மெல்பர்னிலிருந்து ஊருக்கு வந்து, சமையலறை மேஜையில் வரைபடத்தை விரித்தேன். அப்பா ஒரு பக்கம், அவருடைய தம்பி ட்ரெவ் சித்தப்பா இன்னொரு பக்கம். எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்டப் போவது சித்தப்பாதான்.

"அந்தப் பெரிய ஃபுட்பால் ஸ்டேடியத்துல போய் உக்காந்துக்கலாமே?" என்றார் சித்தப்பா. "அந்த கிரவுண்டுல ரேலீன் ஓடிவந்து முடிக்கப் போறா. நாம ரெண்டு பேரும் பொறந்ததுல இருந்து அந்தப் புல்ல மிதிக்க ஆசப்பட்டோம். மிதிக்கப் போறது அவ!"

"முடியாது," என்றேன். "கார் நிறுத்தற எடத்துல இருந்து ரொம்ப தூரம். படிக்கட்டு. கூட்டம். அதுவும் சிலிண்டரோட."

சிலிண்டர்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. பெரிய மெஷின் மோட்டலில் கரண்டில் ஓடும். அறையைவிட்டு வெளியே வந்தால் கையடக்க சிலிண்டர்தான். அது மூன்று மணி நேரத்துக்குமேல் தாங்காது. வாரக்கடைசியில் மாற்றித் தரவும் ஆள் கிடையாது. எடுத்துப்போகிற சிலிண்டர்களில் பயணத்துக்கும் சனிக்கிழமைக்கும் ஒதுக்கியதுபோக, ஞாயிற்றுக்கிழமைக்கு மிஞ்சியது ஒன்று. ஆகவே சீக்கிரமே போய் இடம் பிடித்து உட்காரும் பேச்சே இல்லை. சரியான நேரத்துக்கு வந்து, பார்த்துவிட்டு, திரும்ப வேண்டும். ஏரிப் பூங்காவை ஒட்டி ஓட்டப்பாதை வளைகிற ஒரு மூலையைக் கண்டுபிடித்திருந்தேன். கார் கிட்டே வரும். சக்கர நாற்காலி ஏறும் நடைபாதை. நிழல். முப்பதாவது கிலோமீட்டர். அம்மா பத்தேகால் வாக்கில் அந்த இடத்தைக் கடப்பாள்.

"பத்து மணிக்கு அந்த மூலையில இருக்கணும். மெல்பர்ன் நேரம்," என்றேன்.

சித்தப்பா சிரித்தார். எங்கள் ஊர்க் கடிகாரம் அடிலெய்டோடு ஓடுவது. மெல்பர்னுக்கு அரை மணி பின்னால். வெளியூர்க்காரனுக்கு அது வேடிக்கை, எங்கள் ஆட்களுக்கு மானப் பிரச்சினை. "மெல்பர்ன் போற மில்டுரா ரோட்ல போனா இந்த போன் பைத்தியம் புடிச்ச மாதிரி முன்னாடியும் பின்னாடியும் குதிக்குது," என்று போனை ஆட்டிக் காட்டினார். "தானா மாறறத அணைச்சு வச்சிட்டேன். இது நம்ம நேரத்தத்தான் காட்டும்."

"அப்ப மெல்பர்ன்ல மாத்திக்கோ."

"மாத்திக்கறேன், மகாராணி."

பேச அப்பாவுக்கு மூச்சைச் சேர்க்க வேண்டும். "ரே," என்று அடுப்படியில் நின்ற அம்மாவைக் கூப்பிட்டார். "நீ ஓடி வர்ற நேரத்துல... வேற எவளையாவது பாத்து... கை தட்டிட்டா?"

"தட்டு. ஆனா எனக்குத் தட்டறதவிடச் சத்தமா தட்டுன, சிலிண்டர மூடிருவேன்."

அவர் சிரித்து, இருமி, அந்த இருமல் அடங்கும்வரை நாங்கள் மூவரும் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அக்டோபர் வந்தது. வெள்ளிக்கிழமை அவர்கள் மெல்பர்ன் வந்து சேர்ந்தார்கள். சனிக்கிழமை அம்மா மார்பில் குத்திக்கொள்ள வேண்டிய எண் அட்டையை வாங்க வரிசையில் நின்றோம். சுற்றிலும் ஒல்லியான, வசதியான, பளபளக்கும் காலணிக்காரர்கள். போன வருஷம் பெர்லினில் ஓடினதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா துவைத்துத் துவைத்து நிறம் போன பனியனில் நின்றாள். ஒருத்தி அப்பாவின் குழாயைப் பார்த்துவிட்டு என்னிடம், "எவ்வளவு உத்வேகம் தர்ற மனுஷர்!" என்றாள். அவளை அறைந்திருப்பேன். அப்பாதான், "ஆமாம்மா... நாளைக்கு நான்தான் ஜெயிக்கப் போறேன்," என்றார்.

ராத்திரி மோட்டலில் ஸ்பகெட்டி. அம்மா தரையில் பனியனை விரித்து, நான்கு மூலையிலும் ஊக்கு குத்தி எண் அட்டையைப் பொருத்தினாள். அப்பா கட்டிலில் சாய்ந்தபடி, "கோணலா இருக்கு," என்றார். அவள் பிடுங்கி மறுபடி குத்தினாள். "இப்பவும் கோணல்தான்." மறுபடியும் குத்தினாள். அது முதலிலிருந்தே நேராகத்தான் இருந்தது.

ஞாயிறு இருட்டோடு நானும் அம்மாவும் கிளம்பினோம். சித்தப்பா ஜட்டியோடு கதவைத் திறந்தார்.

"பத்து மணி. அந்த மூலை," என்றேன்.

"பத்து. மூலை. போ, போ. உங்கப்பன் இப்பத்தான் தூங்கறான்."

அம்மாவைத் தொடக்கக் கோட்டில் விட்டுவிட்டு, குடிக்கக் கொடுக்கும் பாட்டிலோடு கடற்கரைச் சாலைக்குப் போனேன். அவள் வந்தாள். என் அம்மா ஓடி நானும் அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். வீட்டில் எப்போதும் கூன் போட்டு நடக்கிறவள், தோளை விரித்து, தலையைத் தூக்கி, யாருக்கும் எதுவும் கடன்படாதவள்போல வந்தாள். பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டே, "நல்லா இருக்கேன்டி! எனக்கு ஒண்ணுமே பண்ணல!" என்று கத்திவிட்டுப் போனாள். அழுதேன். பிறகு சந்து சந்தாக அந்த மூலையை நோக்கி வேகமாக நடந்தேன்.

வழியெல்லாம் சித்தப்பாவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

நான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது அம்மா ஓடிக்கொண்டிருக்கவில்லை. நான் சொல்லியிருந்த அதே மரத்துக்கு எதிரே, வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பின்னால் ஆட்கள் ஓடிப்போய்க்கொண்டே இருந்தார்கள்.

"எங்க அவரு? டீகன், அவருக்கு என்ன ஆச்சு?"

மறுபடி கூப்பிட்டேன். இந்தத் தடவை எடுத்தார்.

"எங்க இருக்கீங்க?"

"மோட்டல்லதான். உங்கப்பன் சாவகாசமா முட்ட தின்னுட்டிருக்கான். ஏன் கத்தற? பத்தாக இன்னும் நேரம் கெடக்குதே. இங்கருந்து பத்து நிமிஷம்தான்."

"மணி பத்தேகால்! போன மாத்தினியா இல்லயா?"

அவர் மெல்ல, "ஐயோ," என்றார்.

அம்மாவுக்கு எல்லாம் கேட்டுவிட்டது. அவள் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. அவர் உயிரோடு முட்டை தின்றுகொண்டிருக்கிறார் என்ற நிம்மதி.

"சரி, ஓடும்மா," என்றேன். "போ! இன்னும் பன்னெண்டு கிலோமீட்டர்தான். போய் முடி."

"அவரு வரட்டும்."

"அவரக் கெளப்பி, அடைச்ச ரோட்டெல்லாம் சுத்தி வர அரை மணி ஆகும். நின்னா கால் இறுகிப் போயிரும், உனக்குத் தெரியாதா? ஒரு வருஷமா இதுக்குத்தானே செத்த?"

"இதுக்கா?" என்று கேட்டாள்.

"கடைசில ஸ்டேடியத்துக்குக் கூட்டிட்டு வரச் சொல்றேன். தூக்கிட்டாவது வரட்டும்."

"அந்தக் கூட்டத்துல, அந்தப் படிக்கட்டுல. நீதானே முடியாதுன்ன. நான் ஓடிட்டா அவரு இங்க வந்து யாரப் பாப்பாரு? அவரு வந்ததும் ஓடறேன்."

அவளை வைதேன். உன் வாழ்க்கையே இப்படித்தான் என்றேன். அவருக்காக நின்றது போதாதா, இன்றைக்கும் நிற்க வேண்டுமா என்றேன். அவள் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றித் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தாள். தன்னார்வலர் பையன் ஒருவன் வந்து, "உடம்புக்கு முடியலயா?" என்றான். "புருஷன் வரணும் தம்பி," என்றாள். அவன் சிரித்துவிட்டு மிட்டாய் கொடுத்தான். குதிப்பது மெல்ல மெல்ல நின்றது. வியர்வை காய்ந்து முகத்தில் உப்புப் பூத்தது. காற்றில் அவள் நடுங்க ஆரம்பித்தாள். ஓடிவந்தவர்களின் கூட்டம் மெலிந்து, அப்புறம் நடந்து வருகிறவர்கள் மட்டும் வந்தார்கள்.

சித்தப்பா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். அப்பா ஃபுட்பால் கழகத்துக் குல்லாய் போட்டு, ஷேவ் செய்து, மடியில் கம்பளியோடு இருந்தார். அம்மாவைக் கண்டதும் கையைத் தூக்கினார்.

"என்ன ரே... முடிச்சிட்டியா?"

நான் வாயைத் திறந்தேன். அம்மா வேலிக்கு மேலாகக் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள். சலவைக்காரியின் பிடி. எலும்பு வலித்தது.

"கால் புடிச்சிக்கிச்சு நெவ். அதான் நின்னுட்டேன்."

"அடடா."

"இரு. ஓடிக் காட்டறேன். பாரு."

அவள் திரும்பினாள். மூன்று எட்டு வைத்தாள். நான்காவதில் கெண்டைக்கால் சுருண்டு சாலையில் மடங்கி விழுந்தாள். எழுந்தாள். மறுபடி ஓட முயன்றாள். அதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. காலை இழுத்துக்கொண்டு, வாயைக் கடித்துக்கொண்டு, அடுத்த கம்பம்வரை போய் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அப்பா பார்த்தது அதைத்தான். கடற்கரைச் சாலையில் வந்தவளை அவர் பார்க்கவே இல்லை.

"போதும் ரே. வந்து உக்காரு."

நானும் சித்தப்பாவும் அவளைத் தாங்கிவந்து நாற்காலிக்குப் பக்கத்தில் புல்லில் உட்காரவைத்தோம். அப்பா தன் கம்பளியை எடுத்து அவள் தோளில் போர்த்தினார். பிறகு, தள்ளாடி நடந்து வந்த முன்பின் தெரியாத ஒரு பெண்ணைப் பார்த்து, இருந்த மூச்சையெல்லாம் கூட்டி, "வா... விட்றாத... வா!" என்று கை தட்டினார். அடுத்து வந்தவனுக்கும் தட்டினார். அம்மா அவர் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். சித்தப்பா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏரியைப் பார்த்தபடி நின்றார்.

"அவருக்குத் தெரியக் கூடாது," என்றாள் அம்மா அன்று மாலை, மோட்டல் குளியலறையில். "தன்னாலதான்னு தெரிஞ்சா மிச்சம் இருக்கற நாளும் அதையே நெனச்சுக்கிட்டு படுத்திருப்பாரு. சத்தியம் பண்ணு." பண்ணினேன். இன்றுவரை அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு அப்பாவுக்குச் சொல்ல ஒரு கதை கிடைத்துவிட்டது. பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும் சொன்னார். "எங்க ரே முப்பது கிலோமீட்டர் ஓடிட்டா தெரியுமா... இன்னும் பன்னெண்டுதான்... பொசுக்குன்னு நின்னுட்டா. கொஞ்சம்... தம் புடிச்சிருக்கலாம்." மூச்சு விட முடியாத மனிதர் அதைச் சொல்வதே ஒரு வேடிக்கை. வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மா டீயை ஊற்றிக்கொண்டே, "ஆமா, நீ வந்து ஓடியிருந்தா தெரிஞ்சிருக்கும்," என்பாள். எவ்வளவு பெருமையாக அவர் அந்த முப்பதைச் சொன்னார் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

பிப்ரவரி வெயிலில் அப்பா செத்துப்போனார். அடக்கம் முடிந்து எல்லாரும் ஃபுட்பால் கழகத்து ஹாலுக்கு வந்தார்கள். சித்தப்பா பேச எழுந்தார். அண்ணனைப் பற்றிச் சொல்ல ஆயிரம் இருந்தும், கையில் பீரை வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த மாரத்தான் கதையைச் சொன்னார். அப்பா மாதிரியே மூச்சு வாங்கிக் காட்டி, "பொசுக்குன்னு நின்னுட்டா" என்று முடித்தார். ஒரு தடவைகூட என் பக்கம் அவர் பார்வை வரவில்லை.

ஹால் அதிரச் சிரித்தார்கள். முன்வரிசையில் அம்மா எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.