நானூறு குதிரையும் இடப்பக்கத்து இருக்கையும்

நாற்பது நாளாக ஷேக் பரீதின் தூக்கத்துக்குள் ஒரு நீலக் கார் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குச் சக்கரம் இருந்ததா என்றுகூட அவருக்கு நிச்சயமில்லை. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வருகிற ஆடிக் காற்றின்மேல் ஏறிக்கொண்டு, மதுக்கரை மலையை ஒரு சுற்றுச் சுற்றும். இடது கைப்பக்கக் கண்ணாடியில் தலையைச் சாய்த்து, தொட்டுவிடும் தூரத்தில் மலை கரைவதைப் பார்த்துக்கொண்டே போவார். விடிகாலைச் சுபுஹு பாங்கு கேட்டதும் கார் அவரைக் கட்டிலில் இறக்கிவிட்டுப் போய்விடும்.

விழித்திருக்கும் நேரத்தில் அந்தக் கார் மதுக்கரையில் கிளாடிஸ் வீட்டுப் போர்டிகோவில் நின்றது. நானூறு குதிரைத் திறன், இரண்டே இருக்கை. கிளாடிஸ் இருபது வருஷம் ரேஸ் ஓட்டியவர். இடது முழங்காலை மாற்றி வைத்த பிறகு கிளட்ச் மிதிக்க முடியாமல் போனதால் விற்கிறார். ஆனால் வாங்குகிறவர் ஓட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் சாவி கைமாறும். முன்னால் வந்த மூன்று பேரைக் காபி கொடுத்துத் திருப்பி அனுப்பியிருந்தார்.

கோயமுத்தூர்க் கடைவீதியில் முப்பது வருஷமாகப் பேரிங் விற்கிற ஷேக் பரீதுக்கு இது புதுக் கூத்து. சாமானைத் தட்டிப் பார்த்து வாங்கிப் பழகிய மனுஷர், இப்போது தன்னைத் தட்டிப் பார்க்கக் கொடுக்க வேண்டும். ஒத்து வரவில்லை என்று சொல்லிவிட்டால் அந்த நாற்பது நாள் கனவை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது?

ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய மாருதி வேனை அவர் மனைவி ஜாஹிதாதான் ஓட்டி வந்தாள். அவருக்குப் பேசுவதற்குக் கை வேண்டும். ஸ்டியரிங்கைப் பிடித்தால் பேச்சு முடங்கிப்போகும். கிளாடிஸ் வீட்டுக் குறுகலான கேட்டுக்குள் வேனை ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினாள். போர்டிகோவில் நின்ற கிளாடிஸ் புருவத்தை லேசாகத் தூக்கியதை ஷேக் பரீதும் பார்த்தார். அவர் கண்ணுக்கு எதுதான் தப்பும்?

"டிக்கி சின்னதா இருக்குதுங்களே மேடம். ஒரு அரிசி மூட்டை போகாது போலிருக்குது." பிடித்துப்போன சாமானைக் குறை சொல்லாமல் தொட அவருக்கு வராது.

"மூட்டைக்குத்தான் உங்க வேன் இருக்குதுங்களே பாய்."

"உக்காந்தா தரையில உக்காந்த மாதிரி இருக்குமாட்ட."

"நிக்காஹ் வீட்டுல தரையில உக்காந்து பிரியாணி சாப்பிட மாட்டீங்களா? அதே மாதிரிதான். ஏறுங்க."

வாளையார் ரோட்டில் சாரல் பஞ்சு மாதிரி பறந்துகொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் எஞ்சின், பெரிய பூனை ஒன்று ஒட்டிப் படுத்த மாதிரி உறுமியது. ஷேக் பரீது மிதந்தார். மதில்மேல் இரண்டு மயில். தார்ப்பாய் படபடக்கப் போகிற பைப் லாரி. டீக்கடை வாசலில் பச்சைக் குடை. ரவுண்டானாவில் திரும்பும்போது ஒரு புது பேரிங் கடை போர்டு.

"அட, பாலுசாமி இங்கயும் கிளை போட்டுட்டானா!"

தலை போர்டுப் பக்கம் திரும்ப, ஆக்ஸிலரேட்டரில் கால் அழுந்திவிட்டது. ஈர ரோட்டில் காரின் பின்பக்கம் ஒரு முழம் விலகிப் போனது. கிளாடிஸின் கை ஸ்டியரிங்குக்கு வந்து, திருத்திவிட்டு, மடிக்குத் திரும்பியது.

"இதுவரைக்கும் என்னென்ன பாத்தீங்க பாய்?"

மயில், லாரி, குடை, போர்டில் இருந்த போன் நம்பரின் கடைசி நான்கு எண் வரை ஒப்பித்தார்.

"ரோடு?"

"ரோடுங்களா? இருந்துதுங்க."

"நாப்பதுல போனா நீங்க நல்ல டிரைவருங்க. இது ஒண்ணை மட்டும் பாக்குறவங்களோட வண்டி. நீங்க எல்லாத்தையும் பாக்குறீங்க."

அது சரிதான் என்று ஷேக் பரீதுக்கே பட்டது. ஆனாலும் முதல் விலைக்கே எழுந்து போகிற ரத்தமா அது? "பாதிக்குப் பாதியாவது ஒத்து வராதுங்களா?"

"வராதுங்க."

"மழையில்லாத நாளைக்கு?"

"ம்ஹூம்."

"திருப்பமில்லாத ரோட்டுக்கு மட்டும்?"

கிளாடிஸ் சிரித்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் இறங்காமலே கண்ணாடியை இறக்கி, "அம்மணி, நீங்க ஒரு சுத்து வாரீங்களா?" என்று கேட்டார்.

"எனக்கெதுக்குங்க? இது வேண்டாம்னு சொல்லத்தானுங்க நான் கூட வந்ததே," என்றாள் ஜாஹிதா.

"ஓட்டிப்போட்டு வந்து சொல்லுங்க."

ஷேக் பரீது கேட்டருகே தனியாக நின்றார். கார் சாரலுக்குள் போய் மறைந்தது. சத்தம் மட்டும் மிஞ்சியது. அவருக்கு அது போதும். பேரிங் கெட்டதைத் தெருமுனையில் வரும்போதே காதால் சொல்லுகிறவர். தான் ஓட்டியபோது சத்தம் கிழித்துக் கிழித்து ஒட்டிய துணியாக இருந்தது இப்போது புரிந்தது. இது வேறு. ஒன்று, இரண்டு, மூன்று என்று கியர் ஏறிய இடம் தெரியாமல், ஒரே இழையாக மலையைச் சுற்றி நீண்டது. ரவுண்டானாவில் இறங்கி, அறுபடாமல் ஏறியது.

இந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். நாற்பது நாளாகக் கேட்கிறார்.

கண்ணை மூடிக்கொண்டார். மலை, காற்று, இடது கைப்பக்கக் கண்ணாடி. இடது கைப்பக்கம்! கனவில் ஒரு நாளாவது அவர் ஸ்டியரிங்கைத் தொட்டிருக்கிறாரா? நானூறு குதிரையை ஓட்டிக்கொண்டு யாராவது கண்ணாடியில் தலை சாய்த்து மலை பார்ப்பார்களா? அவருக்கே சிரிப்பு வந்தது.

கார் வந்து நின்றது. ஜாஹிதாவின் முக்காடு நழுவியிருந்தது. அதைச் சரிசெய்யக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"என்ன, வேண்டாமா?" என்றார்.

"ஏனுங்க," அவள் கண் இன்னும் எங்கோ தூரத்தில் இருந்தது. "வேற யாராச்சும் வந்து பாக்குறதுக்குள்ள பேசி முடிச்சுப்போடுங்க."

கிளாடிஸ் இறங்கி, வலியோடு காலை நீட்டினார். "சாவி அவங்க கையில இருக்குதுங்க பாய். நான் திருப்பி வாங்கப் போறதில்லை. உங்களுக்கு இடப்பக்கம்."

"ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் நான்..."

"இல்லீங்க," என்றார்கள் இரண்டு பெண்களும்.

"ரிவர்ஸ்?"

"ரிவர்ஸ்லதான் நான் கெட்டிக்காரியாச்சுங்களே," என்றாள் ஜாஹிதா. "ஏறுங்க, இன்னொரு சுத்து."

ஷேக் பரீது காரைச் சுற்றி நடந்து இடது கதவைத் திறந்தார். இருக்கை அவரை முன்பே தெரிந்த மாதிரி வாங்கிக்கொண்டது. சாரல் விட்டிருந்தது. மலை பக்கத்தில் வந்தது. கண்ணாடியில் தலை சாய்ந்தது.

"ஜாஹிதா, அதா மயிலு!"

"எத்தனை?" என்றாள், ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"ரெண்டு," என்றார். "இரு, இரு. மூணு."