முதன்மை ஓட்டுநர்

பைக் கடை விற்பனையாளன் ட்ராய் சாவியைக் கொண்டுவந்து தோமேயின் உள்ளங்கையில் வைத்தான். வைத்ததோடு நிற்காமல் தோளில் ஒரு தட்டு வேறு தட்டினான். "உட்கார்ந்து பாரு மச்சான். பின்பக்க ஷாக்க உன் எடைக்குத் தகுந்த மாதிரி இறுக்கி வச்சிருக்கேன். வளைவுல ரோட்டோட ஒட்டிக்கிட்டுப் போகும்." தோமே சிரித்தான். அந்தச் சிரிப்பில் மறுப்பு எதுவும் இல்லை என்பதை அவன் அம்மா ரத்மிலா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சின்னப் பிள்ளையிடமிருந்து கத்தரிக்கோலை வாங்குவதுபோல மகன் கையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டாள்.

"என் எடைக்கு மாத்துப்பா. அறுபத்தெட்டு கிலோ. இத்தனை பேர் முன்னாடி சொல்ல வச்சுட்ட, சந்தோஷமா?"

ட்ராய் அவளைப் பார்த்தான், தோமேயைப் பார்த்தான், கண்ணாடிக்குப் பின்னால் நின்ற கருநீல வண்டியைப் பார்த்தான். அறுநூறு சிசி. குனிந்து படுத்து ஓட்ட வேண்டிய ரகம். பிறகு, வாடிக்கையாளர் விளையாடினால் கூடச் சேர்ந்து சிரிக்க வேண்டும் என்று எங்கோ சொல்லிக்கொடுத்ததை நினைவுபடுத்திக்கொண்டவன்போல "ஹா ஹா" என்று சிரித்துவிட்டு, ஸ்பேனர் எடுக்காமலேயே உள்ளே போய்விட்டான்.

ரத்மிலாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. ஆஸ்திரேலியாவின் வுல்லொங்கொங்கில் பேருந்து ஓட்டுகிறாள். கல்யாணம் நடந்ததும் முறிந்ததும் அதே வேலையில் இருக்கும்போதுதான். பள்ளிப் பிள்ளைகளை மலைமேல் சுற்றுலாவுக்கு ஏற்றிப்போகும் நாட்களில், மக்வாரி மலைச்சாலையின் வளைவுகளில் அவள் பேருந்து முக்கிக்கொண்டு ஏறும்போது, பைக்காரர்கள் ஒவ்வொருவராகச் சாய்ந்து கடந்து போவார்கள். மற்ற ஓட்டுநர்கள் அவர்களைத் திட்டுவார்கள். ரத்மிலாவும் கூடச் சேர்ந்து திட்டியிருக்கிறாள். ஆனால் வாய் திட்டிக்கொண்டிருக்கும்போதே உடம்பு அவர்களோடு சேர்ந்து லேசாகச் சாய்வதை ஒருநாள் கண்டுபிடித்தாள். அதற்குப் பிறகு திட்டுவதற்கு வெட்கமாக இருந்தது. ஆசை வந்துவிட்டது, அவ்வளவுதான். இந்த வயதில் வரும் ஆசைக்கு யாரிடமும் காரணம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பது அவள் கட்சி.

சும்மாவும் இறங்கிவிடவில்லை. பதினெட்டு வயதுப் பயல்களோடு வரிசையில் நின்று கற்றுக்குட்டி லைசென்ஸ் எடுத்தாள். புது ஓட்டுநர் என்று காட்டும் மஞ்சள் பலகையும், பிறகு சிவப்புப் பலகையும் மாட்டிக்கொண்டு ஒரு பழைய முந்நூறு சிசி வண்டியில் டிப்போவுக்குப் போய்வந்தாள். பெரிய வண்டி ஓட்டும் அனுமதி இந்த வாரம்தான் வந்தது. வந்த அன்றே, "சனிக்கிழமை பைக் வாங்கப் போறேன், கூட வாடா" என்று மகனிடம் சொன்னாள். அவன் துள்ளிக் குதித்தான். பிறந்தநாளுக்குக்கூட அவன் அப்படிக் குதித்ததில்லை. இன்று காலை பிக்கப் வண்டியில் ஏறியபோது பின்சீட்டில் அவனுடைய பூட்ஸும் ஹெல்மெட்டும் இருந்தன. வண்டி தனக்கென்றே அவன் நினைத்திருக்கிறான் என்று அப்போதே அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் ஒன்றும் கேட்கவில்லை.

தோமேக்கு இருபத்து நான்கு வயது. போன வருடம் அதே மலைச்சாலையில் ஈரத்தில் வழுக்கி, கழுத்தெலும்பையும் வண்டியையும் சேர்த்து உடைத்துக்கொண்டவன். எலும்பு கூடிவிட்டது. வண்டியில் வேறு சைலன்சர் மாட்டியதை இன்சூரன்ஸ்காரனிடம் அவன் சொல்லியிருக்கவில்லை. சொல்லாததைக் கண்டுபிடித்தவர்கள் கையை விரித்துவிட்டார்கள். இல்லாத வண்டிக்கு இன்னமும் மாதாமாதம் லோன் கட்டிக்கொண்டிருக்கிறான். வேறு இரண்டு கம்பெனிகள் அவன் பெயரைக் கேட்டதுமே போனை வைத்துவிட்டன. இந்த ஊரில் அப்படிப்பட்ட பையன்களுக்கு ஒரே ஒரு வழிதான் உண்டு. அந்த வழிக்கு அம்மா என்று பெயர். வண்டி அம்மா பெயரில் இருக்கும், இன்சூரன்ஸில் அம்மாதான் ஓட்டுவாள், ரோட்டில் மட்டும் மகன் ஓட்டுவான்.

அதனால்தான் லோன் போடும் கண்ணாடி அறையில் லீ-ஆன் அத்தனை கனிவாகப் பேசினாள். ரத்மிலாவின் வயதுதான் அவளுக்கும் இருக்கும். மேசைமேல் பிஸ்கட் டப்பாவைத் திறந்து வைத்திருந்தாள்.

"லோன் காலையிலேயே பாஸ் ஆயிடுச்சு ரத்மிலா. உங்க ரெக்கார்டு கண்ணாடி மாதிரி இருக்கு. ஆனா முழு இன்சூரன்ஸ் பேப்பர் கைக்கு வந்தாத்தான் அவங்க பணத்த விடுவாங்க. கடை மூடறதுக்குள்ள வந்துட்டா வண்டி இன்னைக்கே உங்களுது. வரலன்னா சிட்னிலருந்து ஒருத்தர் திங்கக்கிழமை கதவு திறக்கும்போதே வந்து நிப்பார். இந்த நீலம் ஒண்ணுதான் வந்திருக்கு."

"இப்பவே போன் போட்டுடறேன்."

லீ-ஆன் குரலைத் தாழ்த்தினாள். "முதன்மை ஓட்டுநர் யாருன்னு ஒரு கேள்வி வரும். உங்க பேரச் சொல்லிடுங்க. நான் எதையும் கேக்கல."

"என் பேரத்தான் சொல்லப்போறேன்."

"அதான். கரெக்ட்."

"இல்லம்மா, நெஜமாவே நான்தான் ஓட்டப்போறேன்."

"ஆமா ஆமா. இதே மாதிரி அழுத்திச் சொல்லணும். தடுமாறக் கூடாது." லீ-ஆன் கண்ணைச் சிமிட்டினாள். பக்கத்து நாற்காலியில் தோமே பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் நடிப்பு பிரமாதம் என்று பாராட்டுகிறவர்களிடம் மனுஷி என்னதான் பேசுவாள்? ரத்மிலா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

மறுமுனையில் ஹாமிஷ் என்று ஒரு இளைஞன். உரையாடல் பதிவாகிறது என்று ஒப்பித்துவிட்டுத் தொடங்கினான். லைசென்ஸ் எண், பிறந்த தேதி, வேலை. பேருந்து ஓட்டுநர் என்றதும் தட்டச்சுச் சத்தம் ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது.

"வண்டி ராத்திரி எங்க நிக்கும்ங்க?"

"கிரிங்கிலால, எங்க வீட்டு கராஜ்ல. குடைமிளகாய் சுடுற அடுப்பத் தூக்கி வெளிய வச்சு எடம் பண்ணியிருக்கேன்."

"கராஜ்னு போட்டுக்கறேன். இதுக்கு முன்னாடி விபத்து ஏதாவது?"

"இல்ல. பெட்ரோல் பங்க்ல ஒரு தடவை நின்ன எடத்துலயே வண்டியோட சாஞ்சுட்டேன். அது கணக்குல வருமா?"

"வண்டிக்கு ஏதாச்சும் ஆச்சா?"

"வண்டிக்கு ஒண்ணும் ஆகல. மானம் போச்சு."

"அதுக்கு எங்ககிட்ட பாலிசி இல்லீங்க," என்றான் ஹாமிஷ். லீ-ஆன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ரத்மிலாவுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. கேள்விகளுக்குப் பதில் சொல்வது இத்தனை சுகமாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. ஒவ்வொரு பதிலும் அவளுடையது. ஒவ்வொன்றும் அந்த வண்டியை ஓரடி அவள் பக்கம் நகர்த்திக்கொண்டு வந்தது.

"முதன்மை ஓட்டுநர்?"

"நான்."

"உங்க வீட்ல லைசென்ஸ் வச்சிருக்கிறவங்க வேற யாராவது இருக்காங்களா?"

தோமே நிமிர்ந்தான். போனுக்குக் கேட்காத குரலில், ஆனால் அவசரமாக, "இல்லன்னு சொல்லு மா. நான் மீலே வீட்ல தங்கியிருக்கேன்னு சொல்லு" என்றான். லீ-ஆன் திடீரென்று கணினித் திரையில் எதையோ தேட ஆரம்பித்தாள்.

சொல்லிவிடலாம்தான். ஒரு வார்த்தை. தோமேயின் நண்பன் மீலேயின் வீட்டு விலாசம்கூட அவளுக்குத் தெரியும். பிரீமியம் குறையும், பையன் முகம் மலரும், வீட்டில் இரவுச் சாப்பாடு சத்தமில்லாமல் நடக்கும். ரத்மிலா அரிச்சந்திரன் பரம்பரை ஒன்றும் இல்லை. டிப்போவில் தலைவலி என்று லீவு போட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போனவள்தான். ஆனால் இந்தப் பொய்யை இங்கே சொன்னால் வண்டி பாதி அவனுடையதாகிவிடும் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அடுத்த வாரம் ஒரு சுற்று கேட்பான். அதற்கடுத்த வாரம் கேட்காமலேயே எடுப்பான். ஒரு மாதத்தில் ட்ராயும் லீ-ஆனும் நினைத்தது சரியாகிவிடும். இவள் பழைய முந்நூறுக்குத் திரும்பிப் போய், சமையல்கட்டு ஜன்னலிலிருந்து கருநீலம் தெருமுனை திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வாழ்க்கையில் வாங்கியதையெல்லாம் இப்படித்தான் யாருக்கோ கொடுத்திருக்கிறாள். கொடுத்ததற்கு வருத்தமில்லை. இதைக் கொடுக்க முடியாது.

"என் மகன் இருக்கான். தோமே. எங்கூடத்தான் இருக்கான்," என்றாள்.

"மா!"

பெயரை அடித்துப் பார்த்த ஹாமிஷின் குரல் மாறியது. "ரத்மிலா, இவரோட விவரம் வருது. இவர் ஓட்டுவார்னா எங்களால இந்த வண்டிக்குப் பாலிசி தர முடியாது. சாரி." கொஞ்சம் தயங்கினான். "நேராவே கேட்டுடறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இது அவர் வண்டியா?"

"என் வண்டி."

"அப்போ ஒரே வழிதான் இருக்கு. அவர் பேர எழுதி பாலிசிலருந்து ஒதுக்கணும். நான் படிக்கறேன், நீங்க சம்மதம்னு சொல்லணும். அவர் ஒரு தடவை, தெருமுனை வரைக்கும் ஓட்டினாக்கூட எந்தப் பாதுகாப்பும் கிடையாது. வண்டி போனா போனதுதான், லோன் மட்டும் நிக்கும். அவருக்கு வண்டியக் குடுக்கமாட்டீங்கன்னு உறுதி சொல்றீங்களா?"

தோமே அவளைப் பார்த்தான். மருத்துவமனைக் கட்டிலில் தோள்கட்டோடு படுத்திருந்தபோது பார்த்த அதே பார்வை. அன்று அவன் கேட்டதற்கெல்லாம் அவள் சரி என்றாள். இன்று அவன் எழுந்து போய்விட்டால் எத்தனை நாள் பேசமாட்டான் என்று அவளுக்குத் தெரியாது. அப்பாவைப்போல ஒரேயடியாகப் போய்விடுகிற பிள்ளையா என்பதும் தெரியாது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் குரல், மலையிறக்கத்தில் நெருக்கியடித்த கூட்டத்தை வைத்துக்கொண்டு பேருந்தை இறக்கும்போது இருக்கிற குரலாகவே வந்தது.

"குடுக்கமாட்டேன். உறுதி. சம்மதம்."

தோமே எழுந்தான். நாற்காலியைச் சத்தம் வராமல் உள்ளே தள்ளிவிட்டு வெளியே போனான். கதவை அறைந்திருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அச்சு இயந்திரத்திலிருந்து காகிதங்கள் வரத் தொடங்கியதும் லீ-ஆன் அவற்றை அடுக்கி, கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் விரலை வைத்துக் காட்டினாள். கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது.

"என் பையனுக்கு நான் வாங்கிக் குடுத்தேன்," என்றாள். "என் பேர்ல. எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது." பிறகு எழுந்து கதவைத் திறந்து, கடை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். "ட்ராய்! ஸ்பேனர எடு. அறுபத்தெட்டு கிலோவுக்கு மாத்து. வண்டிக்காரி காத்துக்கிட்டிருக்காங்க."

ரத்மிலா தன் தோல் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். பிக்கப்பின் ஓட்டுநர் இருக்கையில் தோமே உட்கார்ந்திருந்தான். போய்விடவில்லை. ஜன்னல் கண்ணாடி இறக்கித்தான் இருந்தது.

"யார் யார் முன்னாடியோ சொல்லிட்ட," என்றான், ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு.

"ஆமா. சொன்னேன்."

"ரெக்கார்டு வேற ஆகுது."

"ஆகட்டும். உன்மேல கோவத்துல சொல்லலடா. அது என் வண்டி. அதுக்காகச் சொன்னேன்." இன்னும் ஏதாவது இனிமையாகச் சொல்லலாம் என்று தோன்றியது. சொன்னால் மன்னிப்புக் கேட்பதுபோல ஆகிவிடும். கேட்க அவளிடம் ஒன்றும் இல்லை. "வீட்டுக்கு வர்றியா?"

அவன் எஞ்சினைக் கிளப்பினான்.

கருநீலத்தில் ஏறி உட்கார்ந்தபோது இரண்டு பாதங்களும் தரையில் பதிந்தன. முன்னால் குனிந்து கைப்பிடியைப் பிடித்தாள். முதுகு முனகியது, மனம் முனகவில்லை. ட்ராய் ஏதேதோ சொன்னான். புது டயர் வழுக்கும், நூறு கிலோமீட்டர் போகும்வரை நிதானமாகச் சாயுங்கள் என்றான். சரி சரி என்று தலையாட்டினாள். இடதுபக்க இண்டிகேட்டரை, அந்தக் கைகாட்டி விளக்கைப் போட்டு, இரண்டு லாரிகளை விட்டு, பெரிய சாலையில் திரும்பினாள். கைப்பிடியை ஒரு நூல் அளவு திருகியதற்கே வண்டி அப்படிப் பாய்ந்தது. ஹெல்மெட்டுக்குள் அவள் தன் தாய்மொழியான மாசிடோனியத்தில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். அத்தனை சந்தோஷம்.

எஃகு ஆலையின் புகைபோக்கிகள் வலப்பக்கம் வந்தபோதுதான் பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். பின்னால் வெள்ளை பிக்கப் வந்துகொண்டிருந்தது. ஒட்டிக்கொண்டு வரவில்லை. சரியான இடைவெளி விட்டு வந்தது. இடையில் நுழையப் பார்த்த ஒரு வேனை, கொஞ்சம் நடுவுக்கு ஏறி, நுழைய விடாமல் தடுத்தது. அவன் முகம் தெரியவில்லை, பிக்கப்பின் முன்கண்ணாடியில் வெயில் அடித்தது.

பிறகு வலது ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. நிற்கச் சொல்கிறானா, திட்டுகிறானா என்று முதலில் அவளுக்குப் புரியவில்லை. கை மேலே போய், விரல்களை மூடித் திறந்தது. மூடித் திறந்தது. பைக்காரர்கள் ஒருவருக்கொருவர் காட்டுகிற சைகை. பேருந்தில் மாதிரி பைக்கில் கைகாட்டி விளக்கு தானாக அணையாது. எரிய விட்டுவிட்டுப் போகிறவனுக்குப் பின்னால் வருகிறவன் இப்படிக் காட்டுவான். பேருந்து ஓட்டுகிற பொம்பளைக்கோ பெற்ற அம்மாவுக்கோ யாரும் அதைக் காட்டுவதில்லை.

கீழே பார்த்தாள். கடை வாசலில் போட்ட பச்சை அம்பு இன்னும் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. பெருவிரல் தானாகப் பொத்தானுக்குப் போனது. அழுத்தவில்லை. அழுத்தினால் அவன் கையை உள்ளே இழுத்துக்கொள்வான். பொத்தான்மேல் விரலை வைத்தபடியே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு ஓட்டினாள். பின்னால், வெயிலில், அந்தக் கை பொறுமையாக மூடித் திறந்துகொண்டே வந்தது.